என் நெஞ்சின் மேல் உன் பெயர் எதற்கு?

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு வெற்றுச் சட்டை வாங்க முடியவில்லை என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள். தெருவின் இரு பக்கமும் துணிக்கடைகள், கடைக்குள் தரையிலிருந்து மேல்தளம் வரை அடுக்குகள், அடுக்கு நிறையச் சட்டைகள் இருந்தும், மார்பில் எழுத்தோ விலங்கோ முத்திரையோ இல்லாத ஒன்றைக் காட்டச் சொன்னால், "பிளைனா? லோகோ இல்லாம யாருண்ணே வாங்குறாங்க? ஸ்கூல் யூனிஃபார்ம் பக்கம் பாருங்கண்ணே" என்று கடைப் பையன் கையை நீட்டுகிறான். அவன் எடுத்துப் போட்ட சட்டைகளில் ஒன்றின் நெஞ்சில் உள்ளங்கை அகலத்துக்குக் கூச்சியின் பெயர், இன்னொன்றின் முதுகு முழுவதும் பலென்சியாகா, மற்றொன்றில் கழுத்துப்பட்டி முதல் கீழ் மடிப்பு வரை லூயி வுட்டானின் எழுத்தும் பூவும். விலை 300, 400 ரூபாய். அவற்றில் எதுவும் அந்த வெளிநாட்டு ஆடம்பர நிறுவனங்கள் செய்ததில்லை என்பது விற்பவனுக்கும் தெரியும், வாங்குபவனுக்கும் தெரியும். ஐம்பது வயதை நெருங்கும் ஒருவன், வேலைக்குப் போட்டுக்கொண்டு போக, யாருடைய பெயரும் எழுதாத ஒரு பருத்திச் சட்டை கேட்பது அத்தனை பெரிய பேராசையா?

இந்த வியாதி எம்.சி. ரோட்டில் பிறந்ததில்லை. பாரிஸிலும் மிலானிலும் பிறந்து, பெருநகரங்களின் மால்கள் வழியாக எங்கள் தெருவுக்கு இறங்கியிருக்கிறது. அங்கே கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் தொங்கும் அசல் டி-ஷர்ட்டுக்கு 50,000 ரூபாயும் அதற்கு மேலும் வாங்குகிறார்கள். அத்தனை பணத்தையும் வாங்கிக்கொண்ட பிறகு, வாங்கியவன் உடம்பையே தங்கள் விளம்பரப் பலகையாகவும் எடுத்துக்கொள்கிறார்கள். மூலக்கடைச் சந்திப்பில் ஒரு பலகை வைக்க வேண்டுமென்றால் இடத்துக்காரருக்கு வாடகை கொடுத்தாக வேண்டும். மனிதனின் நெஞ்சுக்கு வாடகை கிடையாது, அதற்கு மேல் அந்த மனிதனே பணமும் கட்டுகிறான். இதை நாம் எல்லோரும் எப்போது சரி என்று ஒத்துக்கொண்டோம்?

ஒரு காலத்தில் அந்த முத்திரைக்கு ஒரு நியாயம் இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. நிறுவனத்தைத் தொடங்கிய லூயி வுட்டான் செய்த பயணப் பெட்டிகளைப் பிறர் நகலெடுத்தார்கள். மேலுறைத் துணியைக் கோடு போட்டது, கட்டம் போட்டது என்று மாற்றிப் பார்த்தும் நகல் நிற்கவில்லை. 1892இல் அவர் இறந்த பிறகு, மகன் ஜார்ஜ் 1896இல் தந்தையின் முதலெழுத்துகளையும் பூக்களையும் சேர்த்து அந்த வடிவத்தை உருவாக்கினார். போலியைத் தடுக்கப் பிறந்த அதே எழுத்துதான் இன்று பர்மா பஜாரிலிருந்து எம்.சி. ரோடு வரை தொங்கும் போலிப் பைகளில் முதலில் கண்ணில் படுகிறது. தோலைப் பார்த்துத் தேர்ந்தெடுத்து, ஓரத்தைச் சீவி, இம்மி பிசகாமல் ஒரே இடைவெளியில் தையல் போடுவதை நகலெடுக்க ஒருவனுக்குப் பல வருடப் பழக்கம் வேண்டும். இரண்டு எழுத்தை நகலெடுக்க ஒரு ஸ்கிரீன் பிரிண்டிங் பட்டறை போதும். பையின் மதிப்பைத் தையலிலிருந்து எடுத்து எழுத்தின் மேல் ஏற்றிவைத்த அன்றைக்கே, போலி செய்பவனின் பாதி வேலையை இந்த நிறுவனங்களே செய்து கொடுத்துவிட்டன. பிறகு சட்டத்தைக் காட்டுகின்றன. 1999ஆம் ஆண்டின் வணிகச் சின்னங்கள் சட்டப்படி பொய்ச் சின்னம் இடுபவருக்கு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை உண்டு. போலி செய்வது தவறுதான், அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் சோதனை என்று வந்தால் மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியவன் நடைபாதையில் விரித்து விற்பவன் என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

எனக்கு ஆத்திரத்தை இரட்டிப்பாக்கிய செய்தி இன்னொன்று. 2010இல் 'ஜர்னல் ஆஃப் மார்க்கெட்டிங்' இதழில் வந்த ஓர் ஆய்வு, கூச்சி, லூயி வுட்டான் பைகளின் விலையையும், அவற்றின் மேல் முத்திரை எவ்வளவு துருத்திக்கொண்டு நிற்கிறது என்பதையும் ஒப்பிட்டது. விலை ஏற ஏற முத்திரை அடங்கிப் போகிறது என்று அது காட்டியது. பொட்டேகா வெனேட்டா என்ற நிறுவனத்தின் பையை அதன் தோல் பின்னலை வைத்தே, வெளியே ஓர் எழுத்தும் இல்லாமல், தெரிந்தவர்கள் கண்டுகொள்கிறார்கள். அதாவது, கோடீஸ்வரனுக்கு அமைதியான பையைச் செய்து கொடுத்துவிட்டு, தன்னை நிரூபித்தே ஆக வேண்டிய கட்டாயத்தில் இருப்பவனுக்குத்தான் அந்தக் கத்தும் எழுத்தைத் தலையில் கட்டுகிறார்கள்.

அந்தக் கட்டாயம் என்னவென்று வடசென்னையில் பிறந்தவர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. வேலைக்கான நேர்காணலில் வியாசர்பாடி என்றோ காசிமேடு என்றோ புளியந்தோப்பு என்றோ முகவரி சொன்னதும் எதிரே இருப்பவர் முகம் மாறுவதை நாங்கள் பார்த்திருக்கிறோம். பெரிய கட்டடங்களின் வாசலில் எங்கள் பிள்ளைகளை நிறுத்தி, மேலும் கீழும் பார்த்து, எங்கே வந்தாய் என்று கேட்பதையும் பார்த்திருக்கிறோம். இந்தச் சட்டையைப் போட்டால் அந்தக் கேள்வி வராது என்று ஒரு பதினெட்டு வயதுப் பிள்ளை நம்பினால், அவனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

என் அக்கா மகன் கல்லூரியில் படிக்கிறான். மாலையில் சாப்பாடு டெலிவரி செய்து சேர்த்த பணத்தில், கூச்சியின் இரட்டை ஜி கொக்கி வைத்த பெல்ட் ஒன்று வாங்கினான். "ஃபர்ஸ்ட் காபி மாமா, ஒரிஜினலுக்கும் இதுக்கும் வித்தியாசமே தெரியாது" என்று முகமெல்லாம் மலர்ந்து காட்டினான். உறவில் ஒரு கல்யாண வரவேற்பு, வெளிநாட்டிலிருந்து வந்திருந்த ஒருவர், பந்தியில் அத்தனை பேர் முன்னிலையில், அந்தக் கொக்கியைப் பார்த்து, "ஒரிஜினலா தம்பி?" என்று கேட்டார். பிள்ளை ஒன்றும் பேசாமல், உள்ளே செருகியிருந்த சட்டையை வெளியே இழுத்து விட்டுக்கொண்டான். கேட்டவரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. அதே பணத்துக்குப் பெரியமேட்டில் நல்ல முழுத்தோல் பெல்ட் கிடைத்திருக்கும், பல வருடம் உழைத்திருக்கும், அதைப் பார்த்து ஒருவராலும் அசலா நகலா என்று கேட்டிருக்க முடியாது. ஆனால் எழுத்தில்லாத பெல்ட்டை அவன் கூட்டாளிகள் பெல்ட்டாகவே மதிக்காத நிலையை யார் உண்டாக்கினார்கள்?

பெயர் போட்டே தீர வேண்டுமென்றால் செய்தவர்களின் பெயரைப் போடட்டும். 2024 ஜூனில் மிலான் நீதிமன்றம், பிரெஞ்சு ஆடம்பர நிறுவனமான டியோரின் இத்தாலிய உற்பத்தி நிறுவனம் ஒன்றைத் தன் கண்காணிப்பின் கீழ் கொண்டுவந்தபோது ஒரு கணக்கு வெளியே வந்தது: கடையில் 2,600 யூரோவுக்கு விற்ற கைப்பையைத் தைத்து முடித்துக் கொடுத்ததற்கு, தோல் முதலான மூலப்பொருள் செலவு நீங்கலாக, ஒப்பந்தப் பட்டறைக்குக் கிடைத்தது 53 யூரோ. கண்காணிப்பு பிறகு விலக்கிக்கொள்ளப்பட்டது. அந்தக் கணக்கு என் மனதிலிருந்து விலகவில்லை. 2025 ஜூனில் இத்தாலிய ஆடம்பர நிறுவனமான பிராடா தன் ஆடைக்காட்சியில் கோலாப்பூர்ச் செருப்பைப் போன்ற ஒன்றை மேடையேற்றியது. கோலாப்பூரின் பெயரை அது சொல்லவே இல்லை, இங்கே கண்டனம் கிளம்பிய பிறகுதான் ஒப்புக்கொண்டது. தன் பெயரை முக்கோணத் தகட்டில் பொறித்துப் பைக்குப் பை பதிக்கும் நிறுவனத்துக்கு, தலைமுறை தலைமுறையாகச் செருப்புத் தைக்கும் ஓர் ஊரின் பெயரைச் சொல்ல வாய் வரவில்லை.

எங்கள் பக்கத்தின் கதையும் இதுதான். இந்த வண்ணாரப்பேட்டையே கிழக்கிந்தியக் கம்பெனியின் ஏற்றுமதித் துணிகளை வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியிருந்த பேட்டை. வடக்கே திருவொற்றியூர்ப் பக்கம் இருக்கும் காலடிப்பேட்டை, 1717 முதல் 1720 வரை சென்னையில் கம்பெனியின் ஆளுநராக இருந்த ஜோசப் காலெட் காலத்தில் நெசவாளர்களைக் குடியமர்த்திய ஊர். ஊரின் பெயரில் ஆளுநர் இருக்கிறார். அங்கே தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்தவர்களில் ஒருவர் பெயராவது நம்மில் யாருக்குத் தெரியும்? முந்நூறு ஆண்டுகள் கழித்து, அதே மண்ணில், அவர்கள் பேரப்பிள்ளைகளாக இருக்கக்கூடியவர்கள் வேறொருவர் பெயரைக் காசு கொடுத்து வாங்கி நெஞ்சில் மாட்டிக்கொண்டு திரிகிறார்கள் என்பதைப் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

எழுத்து இல்லாவிட்டால் தரம் எப்படித் தெரியும் என்று கேட்பவர்கள், காஞ்சிபுரம் பட்டு வாங்கப் போகும் எங்கள் வீட்டுப் பெண்களோடு ஒரு முறை கடைக்குப் போய் வரட்டும். புடவையைத் திருப்பிப் போட்டு, கோர்வை போட்டு இணைத்த கரையை உற்றுப் பார்த்து, ஜரிகையை விரலால் தேய்த்து, முந்தானையைக் கையில் எடுத்துக் கனம் பார்த்து, பிறகுதான் விலை கேட்பார்கள். அந்த முந்தானையில் கடைக்காரர் தன் பெயரை ஒரு சாண் அளவுக்கு நெய்து வைத்தால் எந்தப் பெண்ணாவது கட்டிக்கொள்வாளா? தண்டையார்பேட்டையில் எனக்குச் சட்டை தைத்துக் கொடுத்த தையல்காரரும் தன் பெயரைப் போட்டார். கழுத்துப்பட்டியின் உள்பக்கம், சிறு துணிப்பட்டையில். எனக்கும் அவருக்கும் தெரிந்தால் போதும் என்று இருந்தது. கூலி ஏறி, அவரும் கடையை மூடிவிட்டதால்தான் ரெடிமேட் கடைகளில் அலைகிறேன்.

விருப்பமிருப்பவர் போட்டுக்கொள்ளட்டும், உனக்கு என்ன வந்தது என்று கேட்பார்கள். போட்டுக்கொள்ளட்டும். என் விருப்பத்துக்கு ஓர் அடுக்காவது கடையில் இருக்க வேண்டுமல்லவா? தீபாவளிச் சரக்குக்குத் திருப்பூரில் ஆர்டர் கொடுக்கும் எம்.சி. ரோட்டு முதலாளிகளிடம் இதைத்தான் கேட்கிறேன்: வெள்ளை, வெளிர்நீலம், சாம்பல், பழுப்பு என்று நான்கு நிறத்தில், 38 முதல் 44 வரை எல்லா அளவிலும், நெஞ்சிலும் முதுகிலும் கையிலும் ஒன்றுமே இல்லாத பருத்திச் சட்டைகளை ஒரு வரிசைக்காவது வையுங்கள். அச்சுக்கூலியும் உங்களுக்கு மிச்சம். நாங்கள் வாங்கிக்கொள்கிறோம்.