ஒலிநாடாவுக்கு வெளியே ஸ்காட்ஸ்

ஜனவரி 25 அன்று, கவிஞர் ராபர்ட் பர்ன்ஸின் பிறந்தநாளுக்காக, ஆங்கிலத்துக்கு நெருங்கிய உறவுடைய ஸ்காட்ஸ் மொழிக் கவிதையை ஒப்பித்துப் பாராட்டு வாங்கிய பிள்ளை, மறுநாள் அதே மொழியில் ஆசிரியருக்குப் பதில் சொன்னால் தோல்வாரால் அடி வாங்கியது. ஸ்காட்லாந்தின் கிராமங்களில் வளர்ந்த முதியோர் பலரின் பள்ளி நினைவு இது. வாய்மொழி மரபைக் காக்கும் பேச்சு எழும்போதெல்லாம் இந்த முரண்தான் என் மனத்தை உறுத்துகிறது.

சேகரிப்பதில் அந்நாடு குறை வைக்கவில்லை. பள்ளி ஆசிரியர் கேவின் கிரெக்கும் பாதிரியார் ஜேம்ஸ் டங்கனும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வடகிழக்குப் பகுதியில் திரட்டிய 3,000-க்கும் மேற்பட்ட பாடல்கள், 1981 முதல் 2002 வரை எட்டுத் தொகுதிகளாக வெளிவந்தன. நாட்டார் பாடல் சேகரிப்பாளர் ஹாமிஷ் ஹெண்டர்சன் 1950களில் ஒலிப்பதிவுக் கருவியோடு பிளேர்கவ்ரியின் ராஸ்பெரித் தோட்டங்களுக்கே சென்று, பழம் பறிக்க வந்த நாடோடிக் குடும்பங்களைப் பாடவைத்துப் பதிவுசெய்தார். எழுத்தறியாத பலரின் நினைவில் நூற்றாண்டுகள் பழைய கதைப்பாடல்கள் முழுதாக இருந்தன.

பண்ணையாட்களின் பாடல்கள் வேறு வகை. ஆறு மாத ஒப்பந்தத்தில் வேலைக்குச் சேர்ந்த இளைஞர்கள், பண்ணையின் பெயரையே சொல்லி, அங்கே கிடைத்த மோசமான சாப்பாட்டையும் முதலாளியின் கஞ்சத்தனத்தையும் கேலிசெய்து பாடினார்கள். அடுத்து அங்கே வேலைக்குப் போகிறவனுக்கு அது எச்சரிக்கையும்கூட. டிராக்டர் வந்து ஆட்கள் குறைந்தபின், அந்தப் பாடலுக்கான தேவையே போய்விட்டது. அதை எந்தக் காப்பகமும் மீட்டுத்தர இயலாது.

பேச்சு அப்படியல்ல. வடகிழக்கு நகரமான அபர்டீன் பக்கத்து ஸ்காட்ஸ் வட்டாரவழக்கான டோரிக்கில் 'என்ன' என்பதற்கு 'ஃபிட்', 'யார்' என்பதற்கு 'ஃபா'. நலம் விசாரிக்க 'ஃபிட் லைக்?' என்பார்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 15 லட்சத்துக்கும் அதிகமானோர் தங்களுக்கு ஸ்காட்ஸ் பேசத் தெரியும் என்றார்கள். 2025இல் இயற்றப்பட்ட சட்டம் அதற்கு அதிகாரபூர்வத் தகுதியும் அளித்திருக்கிறது. வரவேற்கிறேன், ஆனால், அந்தப் பிள்ளை வகுப்பறையில் 'ஃபிட்' என்று கேட்கும்போது திருத்தப்படாமல் பதில் பெறுகிறதா என்பதை வைத்தே அச்சட்டத்தை மதிப்பிடுவேன்.

ஹெண்டர்சன் 1953இல் அபர்டீனில் கண்டறிந்த மாபெரும் பாடகி ஜீனி ராபர்ட்சனின் மகள் லிஸி ஹிக்கின்ஸ், தாயின் பாடல்களை வீட்டிலேயே கற்றார். லிஸியின் தந்தை பேக்பைப் என்னும் துருத்திக் குழல் வாசிக்கும் இசைக்கலைஞர்; அந்தக் கருவியின் கமகங்கள் மகளின் குரலில் ஏறிக்கொண்டன. தாயின் பதிவையும் மகளின் பதிவையும் அடுத்தடுத்துக் கேட்டுப்பாருங்கள், பாட்டு வீட்டுக்குள்ளேயே எவ்வளவு மாறியிருக்கிறது என்பது புரியும்.