எங்கள் வீட்டுக் காய்கறிச் சீட்டு பற்றிக் கடைசியாக ஒரு முறை

பேச வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் இயற்கைக் காய்கறிக் கடை அண்ணன் ஒருவர் எங்களைத் திட்டி முகநூலில் எழுதியதன் ஸ்கிரீன்ஷாட்டை நேற்று ராத்திரி எங்கள் சொந்தக்காரர் குரூப்பிலேயே யாரோ போட்டுவிட்டார்கள். இனியும் சும்மா இருந்தால் அவர் சொன்னதுதான் சரி என்று ஆகிவிடும்.

நடந்தது இதுதான். பிள்ளைகளோடு விளையாட வீட்டில் நாங்களே செய்த காய்கறிச் சீட்டுக்கட்டைப் படம் எடுத்து முகநூலில் போட்டேன். அதிலிருந்து தேங்காய்ச் சீட்டை மட்டும் வெட்டி எடுத்து, பிள்ளைகள் சாப்பிடும் சோற்றில் சீட்டாடும் பெற்றோர் என்று அந்த அண்ணன் எழுதினார். பெயர் சொல்லப்போவதில்லை. அவர் கடையில் காய் வாங்குகிறவள் நான். கத்தரிக்காயும் கீரையும் அங்கேதான். அதனால்தான் இப்போதும் அண்ணன் என்றே எழுதுகிறேன்.

அவர் சொல்வது இது: வாங்கினால் எல்லாவற்றையும் இயற்கையில், அதாவது ரசாயன மருந்தடிக்காமல் விளைந்ததாக வாங்கு, இல்லையென்றால் இயற்கை என்று பேசாதே. நான் சொல்வது இது: எல்லாவற்றையும் வாங்க முடியாத வீடு, எதை வாங்கலாம், எதை விடலாம் என்று உட்கார்ந்து யோசித்துத்தான் ஆக வேண்டும். அந்த யோசனையைப் பிள்ளைகளோடு சேர்ந்து செய்கிறோம். அக்கறை இல்லாத வீட்டில் இந்தச் சீட்டே இருக்காது.

விளையாட்டு என்னவென்று கேட்காமலே திட்டியவர்களுக்காகச் சொல்கிறேன். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைகளை வெட்டிச் செய்த சீட்டு. காய்களை மகள் வரைந்தாள். ஒவ்வொரு சீட்டின் மூலையிலும் ஒரு முக்கோணம், சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று நான்கில் ஒரு நிறம். அந்த நிறங்களைச் சொன்னவர் என் அப்பா, பிள்ளைகளுக்கு அப்புச்சி. பூச்சிமருந்து பாட்டிலைப் பார்த்திருக்கிறீர்களா? லேபிளில் ஒரு சதுரம் சாய்வாக நிற்கும். மேல்பாதியில் எச்சரிக்கை, கீழ்ப்பாதியில் நிறம். சிவப்பு என்றால் கடும் நஞ்சு. அடுத்தது மஞ்சள், அப்புறம் நீலம், கடைசியாகப் பச்சை. 1971-ஆம் வருடத்துப் பூச்சிக்கொல்லி விதிகளில் உள்ள முறை அது. பாட்டிலுக்குப் போட்ட நிறத்தை எந்தப் பயிருக்கு எவ்வளவு மருந்து போகிறது என்பதற்கு அப்பா மாற்றிப் போட்டார். கத்தரிக்காய், காலிபிளவர், திராட்சை, பச்சை மிளகாய், கடையில் கட்டாக விற்கும் கறிவேப்பிலை எல்லாம் சிவப்பு. வெண்டைக்காய் மஞ்சள். கொள்ளு, கம்பு, சேனைக்கிழங்கு, முருங்கைக்கீரை பச்சை.

ஆளுக்கு 20 புளியங்கொட்டை. வாரத்துக்கு 12 பொருள் வாங்கியாக வேண்டும். சாதாரணத்துக்கு ஒரு கொட்டை, இயற்கைக்கு மூன்று. கணக்குப் போட்டுப் பாருங்கள், நான்கு பொருளைத்தான் இயற்கையில் எடுக்க முடியும். அரிசி, எண்ணெய், பால் சீட்டுகள் கட்டின் அடியில் இருக்கும். ஆரம்பத்திலேயே எல்லாவற்றையும் இயற்கையில் அள்ளினவன் அரிசி வரும்போது வெறுங்கையோடு நிற்பான், அவன் தோற்றான். எல்லாவற்றையும் மலிவாக எடுத்தவன் முன்னால் சிவப்புச் சீட்டுகள் சேரும், மூன்று சேர்ந்தால் அவனும் தோற்றான். ‘கொல்லை’ என்று ஒரு சீட்டு உண்டு, அது கிடைத்தால் முருங்கையும் கறிவேப்பிலையும் கொட்டை கொடுக்காமலே எடுத்துக்கொள்ளலாம். ‘கேட்டு வாங்கு’ என்று இன்னொன்று. அது கையில் இருந்தால் சீட்டுப் போடுகிறவரிடம், “எப்பங்க மருந்தடிச்சீங்க? எத்தன நாளாச்சு?” என்று கேட்கலாம். மருந்தடித்து, காத்திருக்க வேண்டிய நாள் கழிந்திருந்தால் சிவப்பு நீலமாகும்.

சின்னவன் முதலில் ஆடியபோது கொட்டையெல்லாம் காலியாகி, அரிசிச் சீட்டு வந்ததும் திகைத்து உட்கார்ந்துவிட்டான். மாசக் கடைசியில் எங்கள் வீட்டுக்காரர் முகத்தில் நான் பார்க்கும் திகைப்பு அது. பனியன் கம்பெனிச் சம்பளத்தில் வாடகையும் பள்ளிக்கூடப் பீஸும் போக மிச்சம் எவ்வளவு என்று திருப்பூரில் இருக்கிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று ஒருவர் கேட்டிருந்தார். அமெரிக்காவில் என்விரான்மென்டல் ஒர்க்கிங் குரூப் என்ற அமைப்பு வருடா வருடம் ஒரு பட்டியல் போடுகிறது, அந்த நாட்டு அரசின் பரிசோதனை முடிவுகளை வைத்து. பூச்சிமருந்தின் எச்சம் அதிகம் உள்ள காய்கனிகள் 12, குறைவாக உள்ளவை 15. ஸ்ட்ராபெரி, பசலை போன்றவை முதல் பட்டியலில் வரும். அன்னாசியும் வெங்காயமும் இரண்டாவதில். அந்தப் பட்டியல் எச்சத்தின் அளவைச் சரியாக எடைபோடுவதில்லை என்று குறை சொல்பவர்களும் உண்டு. எனக்கு அதைவிடப் பெரிய குறை, அது நம் அடுப்படிக்கு உதவாது என்பது. ஸ்ட்ராபெரியும் பீச்சும் எங்கள் வீட்டுக்கு எப்போது வந்தன? கத்தரிக்காயையும் கறிவேப்பிலையையும் பற்றி அது என்ன சொல்லும்? நமக்கு ஒரு பட்டியல் வேண்டுமென்றால் நம் தோட்டத்தில் மருந்தடித்தவரிடம்தான் கேட்க வேண்டும். கேட்டேன்.

இப்போது அந்தத் தேங்காய். பொள்ளாச்சிப் பக்கம் தென்னைக்கு வேர் வழியாக மருந்து கட்டுவது தெரியாதா, தேங்காய்க்குப் பச்சை முக்கோணம் போட்டிருக்கிறார்களே என்று அண்ணன் கேட்டிருக்கிறார். தெரியும். எங்கள் அப்பாவே கட்டியிருக்கிறார். பென்சில் கனத்துக்கு இருக்கும் இளவேரைத் தோண்டி எடுத்து, சாய்வாகச் சீவி, அப்போதெல்லாம் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்தும் தண்ணீரும் கலந்த பாலித்தீன் பைக்குள் விட்டு நூலால் இறுக்குவார்கள். மரம் உறிஞ்சிக்கொள்ளும். கட்டுவதற்கு முன்பே முற்றின காயை இறக்கிவிட வேண்டும், கட்டின பிறகு 45 நாள் காய் பறிக்கக் கூடாது. இதெல்லாம் எங்கள் வீட்டில் சின்னவனுக்குக்கூடத் தெரியும். அதனால்தான் தேங்காய்ச் சீட்டின் அடியோரத்தில் ‘கேட்டு வாங்கு’ என்று மகள் எழுதி வைத்திருக்கிறாள். தெரிந்த தோட்டத்தில் கேட்டு வாங்கினால்தான் பச்சை. அண்ணன் போட்ட படத்தில் அந்த அடியோரம் வெட்டுப்பட்டிருக்கிறது. என் பதிவில் முழுச் சீட்டும் இருக்கிறது, போய்ப் பாருங்கள். பத்து வயசுக் குழந்தை எழுதிய எழுத்தை வெட்டிவிட்டு, அந்தக் குழந்தையின் பெற்றோருக்கு அறிவில்லை என்று எழுதுவதை எப்படி எடுத்துக்கொள்வது?

சரி, மற்ற கேள்விகள். “விஷத்தில் என்ன கொஞ்சம், நிறைய?” இதை ஒரு டாக்டரம்மாவும் எழுதியிருந்தார். அம்மா, கொஞ்சத்துக்கும் நிறையவுக்கும் வித்தியாசம் உண்டு என்பதால்தானே உணவில் இவ்வளவுதான் எச்சம் இருக்கலாம் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள்? அந்த வரம்பு சரியா என்று சண்டை போடலாம், நானும் வருகிறேன். ஆனால் மானாவாரிக் காட்டில் விளைந்த கொள்ளும், அறுவடை வரை விடாமல் மருந்து குடித்த கத்தரிக்காயும் ஒன்று என்று சொல்லாதீர்கள். கொள்ளுக்கு மருந்தடித்தால் எந்த விவசாயிக்கும் கட்டுப்படியாகாது. இயற்கைக் கொள்ளு என்று இரட்டை விலை கொடுக்கும் காசை நான் கத்தரிக்காய்க்குக் கொடுக்கிறேன். காய்த்துளைப்பான் புழு காய்க்குள் போய்விட்டால் மருந்து எட்டாது, அதனால் போவதற்கு முன்பே விடாமல் அடிக்கிறார்கள். மோனோகுரோட்டோபாஸைக் காய்கறிக்கு அடிக்கக் கூடாது என்று அரசு 2005-லேயே தடுத்தது. பருத்திக்கு என்று விற்ற பாட்டில் கத்தரித் தோட்டத்துக்குப் போகாமல் யார் காவல் நின்றார்கள்?

கழுவினால் போதும் என்பவர்களுக்கு: கழுவுகிறோம், புளித்தண்ணீரிலும் ஊறவைக்கிறோம். மேலே இருப்பது ஓரளவு போகும். செடி உறிஞ்சிக்கொண்டது போகாது.

விவசாயிகளைக் கேவலப்படுத்துகிறாய் என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. நான் விவசாயி மகள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இயற்கை என்று எழுதியிருப்பதை எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு வாங்கு என்கிறார்களே, அதிலும் பார்க்க வேண்டியது இருக்கிறது. 2017 உணவுப் பாதுகாப்பு விதிப்படி, விவசாயி தன் விளைச்சலை நேரடியாக நம்மிடம் விற்றால் சான்று கட்டாயமில்லை. பாக்கெட் போட்டுக் கடையில் வைத்தால் சான்று வேண்டும், ஜைவிக் பாரத் என்ற இயற்கை உணவுக்கான அரசுக் குறி இருக்க வேண்டும். குறி இல்லாத பாக்கெட்டைப் பல கடைகளில் பார்த்திருக்கிறேன். கேட்டால், “நம்பிக்கைதானுங்க” என்கிறார்கள். அப்புறம் வெல்லம், மஞ்சள். ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, நமக்கெல்லாம் பெருமை. ஆனால் பொடியாக வாங்கினால் அதில் என்ன நிறம் சேர்த்தார்கள் என்று யாருக்குத் தெரியும்? எங்கள் வீட்டில் விரலி மஞ்சளாக வாங்கி மில்லில் கொடுத்து அரைக்கிறோம். பளிச்சென்று மஞ்சளாக இருக்கும் வெல்லத்தைத் தொடுவதில்லை, கறுத்த வெல்லம்தான். இதற்கெல்லாம் கூடுதல் காசு தேவையில்லை, விஷயம் தெரிந்தால் போதும். அதையும் சீட்டில்தான் பிள்ளைகள் கற்றுக்கொண்டார்கள்.

இயற்கை விவசாயம் செய்த தேக்கம்பட்டி பாப்பம்மாள் பாட்டியைப் பார்த்துக் கற்றுக்கொள் என்று ஒருவர் எழுதினார். அவரை நான் வணங்குகிறேன். நூறு வயசைத் தாண்டியும் தோட்டத்தில் நின்றவர், 2021-ல் பத்மஸ்ரீ வாங்கியவர், 2024-ல் மறைந்தபோது எங்கள் வீட்டில் எல்லாரும் கலங்கினோம். கடை நடத்திச் சேர்த்த காசில் நிலம் வாங்கி, அந்தச் சொந்த மண்ணில் விளைவித்தவர். எனக்கு வாடகை வீட்டில் இரண்டு தொட்டிச் செடி. சொந்த மண் இருப்பவர்களுக்குக்கூட இது எளிதா என்ன? சான்று வேண்டுமென்றால் வருடப் பயிருக்கு 2 வருடம், தென்னை மாதிரி நிலைத்து நிற்கும் பயிருக்கு 3 வருடம் மாற்றக் காலம், அதுவரை இயற்கை முறையில் விளைவித்துக் காட்ட வேண்டும். விளைச்சல் குறையும், ஆனால் இயற்கை விலை கிடைக்காது. அந்த வருடங்களில் விவசாயி வீட்டு அடுப்பு எதை வைத்து எரியும்? என் அப்பா மாற நினைத்தார். அக்காவின் கல்யாணக் கடன் நின்றது, முடியவில்லை.

அப்பா என்றதும் அந்தக் கமெண்டுக்கு வருகிறேன். அண்ணன் எழுதியது: “வாழ்நாளெல்லாம் விஷம் தெளித்தவர் பேரன் பேத்திக்கு ஆரோக்கியம் சொல்லித் தருகிறாராம்.”

எங்கள் தோட்டம் கோபிசெட்டிபாளையம் பக்கம், தடப்பள்ளி வாய்க்கால் பாசனம். நெல்லும் கரும்பும் மஞ்சளும். மேட்டுக் காட்டில் பருத்தி போட்ட வருடங்களில் அப்பா மருந்தடித்ததை நான் பார்த்திருக்கிறேன். முகத்தில் ஒரு துண்டு, அவ்வளவுதான் பாதுகாப்பு. முதுகில் டேங்கைச் சுமந்துகொண்டு காத்து எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்துப் பார்த்து நடப்பார். பொழுதோட வாய்க்காலில் இறங்கி சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுத்தான் வாசலுக்கே வருவார். அந்த வேட்டியை அம்மா எங்கள் துணியோடு சேர்த்துத் துவைத்ததே இல்லை. சில நாள் தலை சுற்றுகிறது என்று திண்ணையில் படுத்துவிடுவார், மோர் மட்டும் குடிப்பார். மோட்டார் ரூமில் மேல்தட்டில் பாட்டில்கள் இருக்கும். லேபிளில் இருந்த இங்கிலீஷ் அவருக்குப் படிக்க வராது, நிறம் தெரியும். “கண்ணு, செகப்புப் போட்டத மட்டும் தொட்றாத” என்பார். எங்களுக்கு அவர் சொல்லிக்கொடுத்த முதல் பாடமே அதுதான்.

அந்த மருந்தைக் கள்ளத்தனமாக யாரும் விற்கவில்லை. கடையில் வெளிப்படையாகக் கடனுக்குக் கொடுத்தார்கள், அறுவடை முடிந்ததும் கழித்துக்கொண்டார்கள். எண்டோசல்பான் என்ற பூச்சிமருந்தும் அரசு அனுமதித்த சரக்குதான். 2011-ல் உச்ச நீதிமன்றம் தடுக்கும்வரை அது விற்றது. மருந்தால் முதலில் அடிபடுவது சாப்பிடுகிறவர் இல்லை, அடிக்கிறவர். இயற்கை வேளாண்மை பேசுகிற நீங்கள் மேடைக்கு மேடை சொல்வதுதானே இது? அப்படி அடிபட்ட ஒருவர், தனக்குத் தெரிந்ததை எல்லாம் பேரப் பிள்ளைகளுக்கு ஒளிக்காமல் சொல்கிறார். எந்தக் காய்க்கு எவ்வளவு அடித்தோம், எத்தனை நாள் காத்திருக்காமல் பறித்து அனுப்பினோம் என்று அவராகவே சொன்னார். எந்தப் பட்டியலிலும் இல்லாத உண்மை அது. அதை வைத்துத்தான் மகள் மூலையில் முக்கோணம் வரைந்தாள். இதைக் கேலி செய்யத் தோன்றியது எப்படி அண்ணா?

அவரிடம் கற்றுக்கொள்ளக் கூடாது என்றால் பிறகு யாரிடம் கற்றுக்கொள்வது? மருந்து டேங்கைத் தொட்டே பார்க்காதவர்களிடமா?

சீட்டுக்கட்டு இருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஆடிவிட்டுத்தான் உழவர் சந்தைக்குப் போவோம். 1999-ல் அந்தச் சந்தைகள் ஆரம்பித்ததே விவசாயியும் வாங்குகிறவரும் நேருக்கு நேர் நிற்பதற்குத்தான். பிள்ளைகள் அங்கே நின்று, “எப்பங்க மருந்தடிச்சீங்க?” என்று கேட்கிறார்கள். சிலர் முறைக்கிறார்கள், சிலர் நின்று பதில் சொல்கிறார்கள். ஒரு அம்மா, “இந்தச் சாக்கு வேண்டாஞ் சாமி, அதுல எடு” என்று கைகாட்டினார். முழுச் சீட்டுகளின் படமும் வேண்டுமென்றால் கேளுங்கள், அனுப்புகிறேன். உங்கள் ஊருக்கு முக்கோண நிறங்கள் மாறும். உங்கள் பக்கம் பண்ணையம் பார்த்தவர்களிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

அண்ணா, தேங்காய்ச் சீட்டுப் பதிவு இருக்கட்டும், நீங்கள் எடுக்க வேண்டாம். என்னைப் பற்றி எழுதியதும் இருக்கட்டும். அப்பாவைப் பற்றிய அந்த வரியை மட்டும் எடுத்துவிடுங்கள். அவர் முகநூலில் இல்லை, ஆனால் சொந்தக்காரர் குரூப்பில் வந்ததை நேற்று யாரோ அவருக்குப் படித்துக் காட்டியிருக்கிறார்கள்.