ஓய்வுக்குப் போனவர்களை ஓய்வெடுக்க விடுங்கள்

நாங்கள் குடும்பத்தோடு ஒரு வாரம் தங்கிவந்த, மிச்சிகன் ஏரிக்கரையில் உள்ள ஸ்லீப்பிங் பேர் டூன்ஸ் மணல்மேடுகளின் படங்களை நான் பகிர்ந்த பதிவின் கீழே நடந்ததை உங்களில் பெரும்பாலானோர் பார்த்திருப்பீர்கள். பார்த்துவிட்டு உள்பெட்டியில் ஆறுதல் சொன்னவர்களுக்கு நன்றி. "ஏரியைப் பார்க்க ஐந்து மணி நேரம் வண்டி ஓட்ட வேண்டுமா, அதே ஏரி சிகாகோவிலேயே இருக்கிறதே" என்று கேட்டது எனக்குப் பெரிதாகப் படவில்லை. அதற்கு அடுத்த வரிதான் இரண்டு நாட்களாக மனத்தில் கிடந்து உறுத்துகிறது. "பதினேழு வயதுப் பையன் பதினொரு மணி வரை தூங்குவதற்கு ஒரு வாரம் லீவா? இப்படி வளர்த்தால் பிள்ளைகள் உருப்படுமா?" என்று எழுதியவர் இந்த ஊரில் நாங்கள் எல்லோரும் அண்ணா என்று அழைக்கும் ஒருவர். அதற்குச் சிரிப்புக் குறி போட்டவர்களில் என் வீட்டில் சாப்பிட்டவர்களும் இருக்கிறார்கள்.

ஆம், தூங்க விட்டேன். தெரியாமல் நடந்ததில்லை அது. திட்டமிட்டே தூங்க விட்டேன். ஓய்வுப் பயணம் என்று பெயர் வைத்தால் அதில் ஓய்வு இருக்க வேண்டும் என்பதுதான் என் ஒரே வாதம். பதின்வயதுப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பயணமென்றால் அந்த ஓய்வு தூக்கத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். இந்த வயதில் உடலின் உறக்கக் கடிகாரமே பின்னால் தள்ளிப் போகிறது, இரவு சீக்கிரம் தூக்கம் வராததும் காலையில் எழ முடியாததும் சோம்பேறித்தனம் இல்லை என்று மருத்துவர்கள் ஓயாமல் சொல்லி வருகிறார்கள். நடுநிலை, உயர்நிலைப் பள்ளிகளைக் காலை 8:30க்கு முன்னால் தொடங்க வேண்டாம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2014இலேயே பரிந்துரைத்துவிட்டது. 13 வயதிலிருந்து 18 வயது வரை நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்கிறார்கள். பள்ளி, இசைக்குழுப் பயிற்சி, கல்லூரித் தரத்து ஏபி வகுப்பு வீட்டுப்பாடம், வார இறுதியில் தமிழ்ப் பள்ளி என்று ஆகஸ்டிலிருந்து ஜூன் வரை ஓடும் பிள்ளைகளுக்கு அதில் எத்தனை மணி நேரம் கிடைக்கிறது என்று தங்கள் வீட்டில் ஒரு வாரம் கணக்குப் பார்த்துவிட்டு என்னைக் கேள்வி கேட்கலாம்.

"பாதி நாள் வீணாகப் போய்விட்டதே" என்றும் ஒருவர் எழுதியிருந்தார். மிச்சிகன் மாநிலத்தின் பெரும்பகுதி கிழக்கு நேர மண்டலத்தில் இருப்பதால், அதன் மேற்குக் கரையில் ஜூன் இறுதியிலும் ஜூலைத் தொடக்கத்திலும் இரவு ஏறத்தாழ 9:30க்குத்தான் சூரியன் மறைகிறது. அதற்குப் பிறகும் நெடுநேரம் வானத்தில் வெளிச்சம் நிற்கிறது. பதினொரு மணிக்கு எழுந்து வரும் பிள்ளைக்கு இன்னும் பத்து மணி நேரத்துக்கும் மேல் பகல் மிச்சமிருக்கிறது என்றால், எந்தப் பாதி நாள் வீணாகப் போனது? உச்சி வெயிலில் கொதிக்கும் மணல்மேட்டை மாலை ஏழு மணிக்கு ஏறினால் கால் சுடுவதுமில்லை, கூட்டமுமில்லை. இதையெல்லாம் பார்த்துத்தான் அந்த ஊரையும் அந்த வாரத்தையும் தேர்ந்தெடுத்தேன்.

அதே ஏரி என்பதற்கும் ஒரு பதில் சொல்லிவிடுகிறேன். ஏரி ஒன்றுதான், கரைகள் வேறு. காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசுவதால் மணல் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கிழக்குக் கரையில்தான் அதிகம் குவிந்திருக்கிறது. சிகாகோவில் நின்றால் ஏரியின் மேல் சூரியன் உதிப்பதைப் பார்க்கலாம்; மிச்சிகன் கரையில் நின்றால் அது ஏரிக்குள் மறைவதைப் பார்க்கலாம். காலையில் எழுந்திருக்காத என் பிள்ளைகளுக்கு எந்தக் கரை பொருத்தம் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

எனக்கு இந்தக் கேலி ஏன் இவ்வளவு வலிக்கிறது என்றால், இவர்கள் சரியான பயணம் என்று காட்டுகிற பயணத்தில் நாங்களும் போயிருக்கிறோம். சில ஆண்டுகளுக்கு முன்னால் நடந்த அந்தப் பெரிய வேன் பயணம் பலருக்கு நினைவிருக்கும். விஸ்கான்சின் டெல்ஸ், டோர் கவுண்டி, பிக்சர்ட் ராக்ஸ், மேக்கினா தீவு, பிறகு மிச்சிகன் கரையோரமாகவே கீழே இறங்கி வீடு. ஏரியை முழுச் சுற்றுச் சுற்றி வருவது என்று திட்டம். ஒவ்வொரு நாளும் வேறு விடுதி, வேறு படுக்கை, காலை ஆறரைக்கு வேனில் இருக்க வேண்டும் என்று முந்தைய இரவே குழுவில் செய்தி வந்துவிடும்.

மேக்கினா தீவில் 1898 முதல் மோட்டார் வண்டிகளுக்குத் தடை இருக்கிறது. குதிரை வண்டி, மிதிவண்டி, இல்லாவிட்டால் நடை. தீவைச் சுற்றிச் செல்லும் சாலை சுமார் 8 மைல். நீரை ஒட்டியே போகும், ஒரு காரும் குறுக்கே வராது. பதின்வயதுப் பிள்ளைகளைப் பெற்றோர் பின்தொடராமல் தனியே அனுப்பி வைக்க இதைவிட நல்ல இடம் எங்கே கிடைக்கும்? என் மகனும் இன்னும் நான்கு பிள்ளைகளும் மிதிவண்டி வாடகைக்கு எடுத்துத் தலைக்கவசத்தின் வாரைக்கூட மாட்டிவிட்டார்கள். "படகுக்கு நேரமாகிவிட்டது, ஃபட்ஜ் மிட்டாய் வாங்குகிறவர்கள் வாங்குங்கள், குழுப்படம் எடுத்துவிட்டுக் கிளம்பலாம்" என்று அழைப்பு வந்தது. அந்த வண்டிகளைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார்கள். குழுப்படத்தில் அந்த ஐந்து பேரும் ஓரமாக நிற்கிறார்கள், ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. "இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதிலும் ஆர்வமில்லை" என்று அன்று இரவு விடுதியில் பெரியவர்கள் பேசிக்கொண்டதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆர்வத்தோடு வண்டி மிதிக்கப் போன பிள்ளைகளைத் திருப்பி அழைத்தவர்கள் பேசிய பேச்சு அது.

எங்கள் நிலைமை உனக்குத் தெரியாதா என்று சிலர் கேட்பீர்கள். தெரியும். எனக்கு வந்த மறுப்புகளில் நான் மதிக்கும் மறுப்பு இது ஒன்றுதான். இந்த நாட்டில் சம்பளத்தோடு விடுமுறை தர வேண்டும் என்று கூட்டாட்சிச் சட்டம் எதுவும் இல்லை. நிறுவனம் கொடுப்பதுதான் விடுமுறை. அந்தச் சில வாரங்களையும் சேர்த்து வைத்து ஊருக்குப் போய் அம்மா அப்பாவைப் பார்க்க வேண்டும். அங்கே போனால் கல்யாணம், காதுகுத்து, ஆஸ்பத்திரி என்று ஓட்டம். மிஞ்சுகிற நான்கைந்து நாட்களில் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்ற தவிப்பு வருவது இயற்கை. அதை நான் குறை சொல்லவே இல்லை. குறைவான நாட்கள் இருக்கிறது என்பதற்காகவே ஒரே இடத்தில் இருங்கள் என்கிறேன். ஒரு வாரம் கிடைக்காதவர்கள் விஸ்கான்சினில் உள்ள டோர் கவுண்டியில் மூன்று இரவு தங்கலாம். பெனின்சுலா மாநிலப் பூங்காவில் கூடாரமடிக்கும் இடம் முன்பதிவு செய்தால் செலவும் கட்டுக்குள் இருக்கும், பிள்ளைகள் நிக்கோலே கரையில் நாள் முழுவதும் கிடப்பார்கள். ஒரே ஒரு நாள் மட்டும் ஒதுக்க முடிந்தவர்களுக்கு இந்தியானா டூன்ஸ் இருக்கிறது. 2019இல் தேசியப் பூங்காவான அந்த இடத்துக்குச் சிகாகோ நகர மையத்திலிருந்து சவுத் ஷோர் ரயிலே போகிறது. பெரிய பிள்ளைகளுக்கு ரயிலில் போவதே ஒரு மகிழ்ச்சி.

நாங்கள் எப்படித் திட்டமிட்டோம் என்று கேட்டிருந்த தோழிகளுக்காகச் சொல்கிறேன். ஸ்லீப்பிங் பேர் பக்கத்து ஏரிக்கரை வாடகை வீடுகள் கோடையில் பெரும்பாலும் சனிக்கிழமைக்குச் சனிக்கிழமைதான் கொடுக்கப்படும், குளிர்காலத்திலேயே நிரம்பிவிடும். ஆகையால் பனி கொட்டிக்கொண்டிருந்தபோதே பிள்ளைகளைச் சாப்பாட்டு மேசையில் உட்கார வைத்து, மகனின் கோடை வேலை எப்போது, மகளின் இசைக்குழு முகாம் எப்போது, எந்த வாரம் அவர்களுக்குத் தோது என்று முதலில் கேட்டோம். பிறகு ஆளுக்கொன்று மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னோம். மகன் மணல்மேட்டைத் தாண்டி ஏரி வரை நடக்க வேண்டும் என்றான், போய்வர 3.5 மைல், முழுவதும் மணலில். மகள் பிளாட் ஆற்றில் காற்றடைத்த டியூபில் மிதக்க வேண்டும் என்றாள். ஆழம் குறைந்த, அவசரமே இல்லாத அந்த ஆறு கடைசியில் மிச்சிகன் ஏரியில் போய்ச் சேர்கிறது. ஆற்றின் இளஞ்சூட்டிலிருந்து ஏரியின் குளிருக்குள் டியூப் நுழையும் இடத்தில் அவள் போட்ட கூச்சல் இன்னும் என் காதில் இருக்கிறது. அப்பாவுக்குச் சைக்கிள் பாதை. எனக்கு, யாரும் என்னை எதுவும் கேட்காத ஒரு பிற்பகல். நண்பகலுக்கு முன் எந்தத் திட்டமும் கிடையாது என்பது எல்லோருக்கும் பொதுவான ஒப்பந்தம்.

தூங்கி எழுந்தால் போனைத்தானே பார்ப்பார்கள் என்பவர்களுக்கு: வேனின் பின்னிருக்கையில் ஏழு மணி நேரம் அடைத்து வைத்தால் அதைவிட அதிகமாகப் பார்ப்பார்கள். இதற்கு மேல் அந்தப் பேச்சுக்குப் பதில் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

கண்டிப்பு இல்லை என்பது மட்டும் பொய். ஏரி விஷயத்தில் நான் எவ்வளவு கண்டிப்பு என்று என் பிள்ளைகளிடம் கேளுங்கள். அந்த ஏரியில் நீரோட்டம் ஆளை இழுத்துவிடும், கரைகள் பலவற்றில் உயிர்காப்பாளர் கிடையாது, காற்று திரும்பினால் முந்தைய நாள் இதமாக இருந்த நீர் மறுநாள் உறைய வைக்கும். படகுத்துறைச் சுவர்களின் அருகே நீந்தக் கூடாது, தனியாக இறங்கக் கூடாது என்பதில் விட்டுக்கொடுத்ததே இல்லை. நீருக்கு மேல் 450 அடி உயரத்தில் இருக்கும் அந்த மணற்சரிவில் இறங்கிப் பார்க்க வேண்டும் என்று மகன் எவ்வளவோ கெஞ்சியும் முடியாது என்று சொன்னவள் நான்தான். கண்டிக்க வேண்டிய இடத்தில் கண்டித்தேன். தூக்கம் கண்டிக்க வேண்டிய இடமாக எனக்குப் படவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இதற்காக எத்தனை பேர் கோபித்துக்கொண்டாலும் சரி. அந்தக் குழுப் பயணங்களில் யார் ஓய்வெடுத்தார்கள்? ஆறரைக்கு வேன் புறப்பட வேண்டுமென்றால் நாலரைக்கு எழுந்து விடுதி அறையில் ரைஸ் குக்கர் வைத்து, வீட்டிலிருந்து கொண்டுபோன புளிக்காய்ச்சலைப் பிசைந்து, இருபது பேருக்குப் பொட்டலம் கட்டியவர்கள் யார்? ஆண்கள் வழியைப் பற்றியும் பெட்ரோல் விலையைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தபோது குளிர்பெட்டியில் ஐஸ் மாற்றிக்கொண்டிருந்தவர்கள் யார்? "ஒரு வாரம் லீவா" என்று என்னைக் கேட்டவரின் வீட்டு அக்கா அந்தப் பயணத்தில் எந்த ஏரியையும் நின்று பார்த்ததாக எனக்கு நினைவில்லை. அவர் கையில் எப்போதும் ஒரு தூக்குவாளி இருந்தது. பிள்ளைகளைத் தூங்க விடாத பயணம் தாய்மார்களையும் உட்கார விடாது என்பதை நான் அங்கேதான் கண்டேன்.

இந்த முறை சமையலறை உள்ள வீடு எடுத்தோம், முறை வைத்துச் சமைத்தோம். ஓர் இரவு, பத்தரை மணியிருக்கும், பசிக்கிறது என்று மகன் எழுந்து வந்தான். மாவு ஐந்தாம் நாள் ஆகி நன்றாகப் புளித்திருந்தது. அந்த வீட்டில் தோசைக்கல் இல்லை, கனமான ஓர் இரும்பு வாணலிதான் இருந்தது. கம்பிச்சுருள் அடுப்பு சூடாக நெடுநேரம் பிடித்தது. முதல் தோசை ஒட்டிக்கொண்டது. பாதி வெங்காயத்தை எண்ணெயில் தோய்த்துத் தேய்க்க வேண்டும் என்று சொன்னேன், அவ்வளவுதான். எழுந்து போய்ச் செய்து கொடுக்கவில்லை. மூன்றாவது தோசை ஓரம் முறுகி வட்டமாக எழும்பியபோது அவன் தட்டை என் பக்கம் நகர்த்தினான். அதற்குப் பிறகு பேச ஆரம்பித்தவன் ஒரு மணி வரை பேசினான். என்ன பேசினான் என்று இங்கே எழுத மாட்டேன், அது அவனுடையது. காலை ஆறரைக்கு வேன் என்றால் பத்தரைக்கு நானே விளக்கை அணைத்துவிட்டுப் போய்ப் படு என்றிருப்பேன், அந்தப் பேச்சு நடந்தே இருக்காது. மறுநாள் அவன் பதினொரு மணிக்கு எழுந்தான். அந்தப் பதினொரு மணிதான் நீங்கள் சிரித்த பதினொரு மணி.

அடுத்த ஆண்டு அவன் கல்லூரிக்குப் போய்விடுவான். பிறகு கோடை என்றால் இன்டர்ன்ஷிப், நண்பர்கள், அவனுடைய ஊர், அவனுடைய வாழ்க்கை. எங்களோடு வா என்று கட்டாயப்படுத்த முடியாத வயது வரும்போது, அவனாக வர விரும்புகிற மாதிரி ஒரு வாரத்தையாவது இப்போது கொடுத்துவிட வேண்டும் என்று நினைத்தேன். அதில் என்ன குற்றம் கண்டீர்கள்?

அண்ணா, நீங்கள் எழுதியதை நான் அழிக்கவில்லை, உங்களை நட்பிலிருந்து நீக்கவும் இல்லை. என் மகள் அதைப் படித்துவிட்டாள். தமிழ்ப் பள்ளியில் படித்த தமிழை வைத்து எழுத்துக்கூட்டிப் படித்து, "உருப்படுமா என்றால் என்ன அம்மா?" என்று என்னிடம் வந்து கேட்டாள். அவளுக்குப் பதில் சொல்ல நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரிய வேண்டும் என்றுதான் இவ்வளவு எழுதினேன். நான் பிள்ளை வளர்க்கும் விதத்தில் குறை இருப்பதாக உங்களுக்குத் தோன்றினால் என்னைத் தொலைபேசியில் அழைத்துச் சொல்லுங்கள், மூத்தவர் என்ற மரியாதையோடு கேட்டுக்கொள்கிறேன். என் பிள்ளைகளின் முகம் இருக்கும் படத்துக்குக் கீழே அவர்களைப் பற்றி இனி ஒரு வரியும் எழுத வேண்டாம். அந்தக் கருத்தை இன்றிரவுக்குள் நீங்களே எடுத்துவிடுங்கள்.