ஆமாம், நான்தான் பூசினேன்

நேற்றைய படத்துக்குக் கீழே நடந்த கூத்தைப் பார்த்தவர்களுக்கு முன்கதை தேவையில்லை. பார்க்காதவர்கள் கொடுத்து வைத்தவர்கள். எங்கள் பரம்பரை வீட்டுத் தாழ்வாரத்தில் சாரத்தின் மேல் நின்று சுவருக்குச் சுண்ணாம்புக் கலவை பூசுகிறேன், படத்தில் இருந்தது அவ்வளவுதான். அதற்கு அந்தப் பொறியாளர் அண்ணன், "நாலு பேருக்குக் கூலி கொடுக்க மனசில்லாமல் எதுக்கு இந்த வேஷம்? இடித்துவிட்டுப் புதுசாகக் கட்டுங்கள்" என்று எழுத, கீழே வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள். அதில் இரண்டு என் சொந்தக்காரர்கள் வைத்தவை.

சரி, கோபப்படாமலே சொல்கிறேன்.

அந்தச் சுவருக்கு சிமென்ட் ஆகாது. தாத்தா காலத்துச் செங்கல், சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது, அடியில் கான்கிரீட் பெல்ட்டெல்லாம் கிடையாது. காவிரிப் படுகை மண்ணின் ஈரம் சுவரில் ஏறத்தான் செய்யும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை வெளியே விட்டுவிடும். சிமென்ட் விடாது. உள்ளே அடைபட்ட ஈரம் இன்னும் மேலே ஏறும், உப்புப் பூக்கும், பூச்சு உப்பிக்கொண்டு வரும். எங்கள் சித்தப்பா தொண்ணூறுகளில் "ஓதம் அடிக்குது" என்று இடுப்பளவுக்கு சிமென்ட் பூசினார். நான் வந்து தட்டிப் பார்த்தபோது முழுக்கப் பொள்ளல். பெயர்த்தால் பின்னால் செங்கல் மாவாகக் கொட்டுகிறது. சிமென்ட் படாத மேல்பாதி மட்டும் கல்லு மாதிரி நிற்கிறது. ஒரே சுவர்தான் அண்ணா, வந்து பாருங்கள்.

இதை நான் எத்தனை கொத்தனார்களிடம் சொல்லியிருப்பேன் தெரியுமா? "அதெல்லாம் இப்ப யாரும்மா பண்றா, சிமென்ட் போட்டா ஒரே நாள்ல முடிஞ்சிடும்" என்பதுதான் எல்லோர் பதிலும். ஆள் கிடைக்காமல்தான் கரணையை நான் எடுத்தேன். கஞ்சத்தனம் என்று சொல்வதற்கு முன்னால் இதைக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

கூலி என்றீர்களே, அதையும் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கற்றுக்கொடுத்தவர் எழுபதைத் தாண்டிய ஒரு கொத்தனார் தாத்தா. முட்டி வலி, சாரம் ஏற முடியாது. முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, "ரொம்பத் தேய்க்காத பாப்பா, மேல பால் வந்துடும், அப்புறம் வெடிக்கும்" என்று அதட்டுவார். அவருக்கு முழுக் கூலி உண்டு. மதியச் சாப்பாடும் எங்களோடுதான். சுட்ட கிளிஞ்சலில் தண்ணீர் ஊற்றியதும் அது எப்படிக் கொதிக்கும், ஏன் கண்ணாடி போடாமல் பக்கத்தில் போகக் கூடாது, நீற்றியதைச் சலித்துத் தண்ணீருக்குள்ளேயே ஏன் வாரக்கணக்கில் விட வேண்டும், கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீர் எந்த வாசனைக்கு வந்தால் கலவைக்கு ஆகும் எல்லாம் அவர் வாயிலிருந்து வந்ததுதான். பூசுவதற்கு முன் சுவரை நனைக்க வேண்டும், பூசிய பின் ஈரச் சாக்கைத் தொங்கவிட வேண்டும். வெயிலில் சட்டென்று காய்ந்தால் வெடிப்பு விடும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து மெதுவாகத்தான் திரும்பவும் கல்லாகும். அவசரப்பட்டால் ஆகிற வேலை இல்லை இது. அவர் காலத்துக்குப் பிறகு எங்கள் ஊரில் இதை யார் சொல்லித்தருவார்கள் என்று அந்தச் சிரிப்புப் பொம்மைக்காரர்களில் ஒருவராவது யோசித்தீர்களா?

"ஆபத்து, வீடு தலையில் விழும்" என்பவர்களுக்கு: உத்திரம் செல்லரித்த இடத்தை நான் தொடவில்லை. ஜாக்கி வைத்து முட்டுக்கொடுத்து ஆசாரிதான் மாற்றினார். மின்சார வேலைக்கு உரிமம் உள்ளவர் வந்து பழைய ஒயரையெல்லாம் உருவிவிட்டுப் புதிதாக எர்த்தும், மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கிற ஆர்சிசிபியும் போட்டார். எனக்கு எது தெரியும், எது தெரியாது என்பது எனக்குத் தெரியும். ஓட்டைத் தாங்கும் கைமரங்களுக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய் அடித்தது, ஓடு பிரித்துத் தேய்த்தது, சுவர் பூசியது, இவைதான் என் வேலை. இதில் எது தலையில் விழும்?

செலவு கூடுதலா என்றால், கூடுதலாகவே இருக்கட்டும். என் காசு.

இன்னொன்று. இடி இடி என்கிற யாரும் கதவையும் தூணையும் மறப்பதில்லை. வீடு பூட்டிக்கிடந்த வருடங்களில் ஓடு மாற்ற ஒருவரும் வரவில்லை. ஆனால் பர்மா தேக்கு நிலைக்கதவுக்கு விலை பேச ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தவர்கள் உண்டு, அதுவும் எங்கள் குடும்பத்துக்குள்ளேயே. காரைக்குடி பழம்பொருள் கடைகளில் போய்ப் பாருங்கள், எத்தனை வீடுகளின் தூண்கள் வரிசையாக நிற்கின்றன என்று. அந்தக் குடும்பங்களிலும் யாரோ ஒருவர் "இனி இதை ரிப்பேர் பண்ணிக் கட்டுப்படியாகாது" என்று சொல்லியிருப்பார்.

அப்புறம், இதை என் தம்பி செய்திருந்தால்? "பரம்பரை வீட்டை மீட்கிறான், அப்பா பேர் சொல்லும் பிள்ளை" என்று மாலை போட்டிருப்பார்கள். நான் செய்தால் வேஷம். கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டுச் சுவரில் என்ன வேலை என்பதுதான் உள்ளே இருக்கிற கேள்வி, வாய்விட்டுக் கேட்கத் தைரியம் இல்லாமல் சிமென்டைப் பற்றிப் பேசுகிறார்கள். 1989-லேயே தமிழ்நாட்டில் மணமாகாத மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சமபங்கு என்று சட்டம் வந்தது. 2005-இல் நாடு முழுக்க, மணமானவர்களுக்கும் சேர்த்தே வந்தது. எங்கள் சொந்தத்துக்கு மட்டும் அந்த அரசிதழ் இன்னும் தபாலில் இருக்கிறது போல. தம்பி தன் பங்குக்கு மனையை வாங்கிக்கொண்டான், சந்தோஷமாகத்தான் கையெழுத்துப் போட்டான். "ஓட்டை வீட்டை அக்கா தலையில் கட்டியாச்சு" என்று அன்றைக்கு நீங்களெல்லாம் பேசிக்கொண்டது என் காதுக்கும் வந்தது. ஓட்டை வீடு என்று கொடுத்துவிட்டீர்கள் இல்லையா? இப்போது ஓட்டையை அடைக்கிறேன். அதில் உங்களுக்கு என்ன சங்கடம்?

கூடத்துச் சுவர் இன்னும் பாக்கி. ஐப்பசி மழை பிடிப்பதற்குள் முடிக்க வேண்டும், அதற்கப்புறம் பூச்சு காயாது. அதனால் இந்தப் பதிவுக்குக் கீழே யாருக்கும் பதில் எழுதப்போவதில்லை. கிளிஞ்சல் சுண்ணாம்பு எங்கே கிடைக்கும் என்று கேட்பவர்கள் மட்டும் உள்பெட்டிக்கு வாருங்கள், சொல்கிறேன்.