பொழுது சாய்வதற்குள் பூனையை வீட்டுக்குள் அழையுங்கள்

கோத்தகிரியிலும் குன்னூரிலும் பூனை வளர்க்கும் வீடுகளில் பெரும்பாலானவை அதை அதன் போக்கில் விட்டுவிடுகின்றன. வாசலில் ஒரு கிண்ணம் பால்சோறு வைத்துவிட்டால் நம் பொறுப்பு முடிந்தது என்றும், மற்றதைப் பூனை தானே பார்த்துக்கொள்ளும் என்றும் நம்புகிறோம். சமவெளி ஊர்களில் ஒரே தெருவுக்குள் சுற்றித் திரியும் பூனைக்கு இந்த நம்பிக்கை ஓரளவு பொருந்தலாம். சோலைக்காடும் தேயிலைத் தோட்டமும் வீட்டுக் கொல்லையும் ஒன்றோடொன்று கலந்து கிடக்கும் நீலகிரியில் அது பொருந்தாது. இங்கே பூனை வளர்ப்பவர்கள் பொழுது சாய்வதற்குள் அதை வீட்டுக்குள் கொண்டுவந்து, நன்றாக விடியும்வரை உள்ளேயே வைத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பகல் முழுவதும் அடைத்துவைக்கச் சொல்லவில்லை; ஒரே அறை கொண்ட வீட்டில் அது நடக்காது என்பது எனக்குத் தெரியும். இரவு மட்டுமாவது அது கூரைக்குக் கீழே இருக்கட்டும் என்றுதான் கேட்கிறேன்.

முதல் காரணம் சிறுத்தை. இரவில் படியேறி வாசல்வரை வந்து திரும்பும் சிறுத்தையைக் கண்காணிப்புக் கேமராப் பதிவில் பார்க்காதவர்கள் நம் ஊர்களில் குறைவு. கருஞ்சிறுத்தையும் அவ்வப்போது அந்தப் பதிவுகளில் தென்படுகிறது. அது பெரும்பாலும் நாயைத் தேடித்தான் வருகிறது என்றாலும், திண்ணையில் சுருண்டு கிடக்கும் பூனையையும் விட்டுவைப்பதில்லை. நாய் காணாமல் போனால் தெருவே அதைப் பற்றிப் பேசுகிறது. பூனை காணாமல் போனால், எங்கேயாவது போயிருக்கும், வந்துவிடும் என்று இரண்டு நாள் சொல்லிவிட்டு மறந்துவிடுகிறோம். அதனாலேயே எத்தனை பூனைகள் இப்படிப் போகின்றன என்பது யார் கணக்கிலும் வருவதில்லை. சிறுத்தையைக் குறை சொல்வது என் நோக்கமன்று. வீட்டு வாசலில் எளிதாக இரை கிடைக்கும் என்று அதைப் பழக்கிவிட்டு, பிறகு கூண்டு வைக்கச் சொல்லி வனத்துறையிடம் மனு கொடுப்பவர்களும் நாமேதான். இரவில் பூனை உள்ளே இருப்பது சிறுத்தைக்கும் நல்லது.

இதைவிட அதிகம் கவனிக்கப்படாத ஒன்று, அந்தச் சோற்றுக் கிண்ணம். மீன் கலந்த சோற்றை இரவு முழுவதும் வெளியே வைப்பது, காட்டுப்பன்றிக்கும் மரநாய்க்கும் கரடிக்கும் விடுக்கும் அழைப்பு. விளக்கில் ஊற்றும் எண்ணெய்க்காகக் கோயில் கதவையும், தின்பண்டத்துக்காகக் கடைக் கதவையும் உடைத்த கரடிகளைக் கோத்தகிரிக்காரர்கள் நன்றாக அறிவார்கள். பூனை மேல் உள்ள அன்பினால் வைக்கும் கிண்ணம், அதிகாலையில் பால் வாங்கப் போகும் பக்கத்து வீட்டுப் பெரியவரைக் கரடிக்கு எதிரே கொண்டுபோய் நிறுத்திவிடக்கூடும். ஆகவே வெளியே வைக்கும் தீனியைப் பகலிலேயே வைத்து, தின்று முடித்ததும் கிண்ணத்தை எடுத்துக் கழுவிவிட வேண்டும்.

பூனைக்கு ஆபத்து இருப்பதுபோல, பூனையாலும் இங்கே ஆபத்து இருக்கிறது. பூனைப் பிரியர்கள் இதைப் பேசத் தயங்குகிறார்கள். நானும் பூனைகளோடு வாழ்பவன் என்ற உரிமையில் பேசுகிறேன். நம் தோட்டத்துக்கு வரும் பறவைகள் எல்லா ஊரிலும் இருப்பவை அல்ல. காலையில் கூட்டமாகக் கத்திக்கொண்டு புதரிலிருந்து புதருக்குத் தாவும் நீலகிரிச் சிரிப்பான், பெயருக்கேற்ப இந்த மலைப் பகுதிக்கே உரியது. சோலையின் இருட்டில் தரையை ஒட்டி இரை தேடும் நீலச் சோலைக்கிளி என்ற சிறு பறவையும், தாழ்ந்த கிளைகளில் உட்கார்ந்து பூச்சி பிடிக்கும் கறுப்பு ஆரஞ்சு ஈப்பிடிப்பானும் மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டு வெளியே வாழ்பவை அல்ல. நீலகிரி நெட்டைக்காலி புல்வெளியில், தரையிலேயே கூடு கட்டுகிறது. வேலிப் புதரில் வெயில் காயும் நம் பச்சை மலை ஓணான், குளிரில் உடல் விறைத்து மெதுவாக நகரும் நேரத்தில் பூனையிடமிருந்து எப்படித் தப்பும்? அமெரிக்காவில் வெளியே திரியும் பூனைகள் ஆண்டுக்கு 130 கோடி முதல் 400 கோடி வரை பறவைகளைக் கொல்வதாக 2013-இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. அந்த எண்ணை அப்படியே இங்கே பொருத்திப் பார்க்க முடியாது. ஆனால் உலகத்தில் ஒரு மலைத்தொடரில் மட்டுமே இருக்கும் பறவையைப் பொறுத்தவரை, ஒரு கூடு அழிவதும் பெரிய இழப்புதான்.

வேட்டையாடுவது பூனையின் இயல்பு, அதற்கு நாம் என்ன செய்ய முடியும் என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. 2021-இல் இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவின்படி, இறைச்சி மிகுந்த உணவு கொடுக்கப்பட்ட பூனைகள் வீட்டுக்குக் கொண்டுவந்த இரை 36 சதவீதம் குறைந்தது. நாள்தோறும் ஐந்து முதல் பத்து நிமிடம் விளையாட்டுக் காட்டியதில் 25 சதவீதம் குறைந்தது. நம் வீடுகளில் பூனைக்குக் கிடைப்பதோ பாலும் தயிர்ச்சோறும்தான். பூனை புலால் உண்டே உயிர்வாழும் பிராணி. இறைச்சியிலும் மீனிலும் உள்ள டாரின் என்ற சத்து போதுமான அளவு கிடைக்காவிட்டால் அதற்குக் கண்பார்வை கெடும், இதயம் வீங்கிப் பலவீனமாகும். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிப்பதும் இல்லை. சைவ வீட்டார் மனம் வருந்தக் கூடாது. வீட்டில் மீன் சமைக்க முடியாதவர்கள் கடையில் கிடைக்கும் பூனைத் தீனியையாவது வாங்கி வைக்க வேண்டும்.

இரவில் உள்ளே அழைப்பது எப்படி என்பதை நான் எங்கள் வீட்டுக்குக் கீழே உள்ள எஸ்டேட் லயனில் (தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) குடியிருந்து கொழுந்து பறிக்கும் ஓர் அக்காவிடம்தான் கற்றுக்கொண்டேன். எலிக்காக வளர்க்கும் சாம்பல் நிறப் பெண் பூனை அவர்களுடையது. மாலையில் கொழுந்தை எடை போட்டுவிட்டு வீடு திரும்பியதும், தண்ணீரில் ஊறவைத்து உப்பை எடுத்த நெத்திலிக் கருவாட்டை அவித்துச் சோற்றில் பிசைந்து, அலுமினியத் தட்டைக் கரண்டியால் மூன்று முறை தட்டுவார்கள். தேயிலைச் செடிகளுக்கு இடையிலிருந்து வாலை நிமிர்த்திக்கொண்டு பூனை ஓடி வந்து வாசற்படியைத் தாண்டும். உடனே கதவைச் சாத்திவிடுவார்கள். "காலையில ரொம்ப வைக்கமாட்டேன் தம்பி. சாயங்காலம் உள்ள வந்தாத்தான் வயிறு நிறையும்னு அதுக்கே தெரிஞ்சுபோச்சு" என்றார்கள். கதவின் பின்னால் பழைய பேசின் ஒன்றில் மர அறுவை மில்லிலிருந்து வாங்கிவந்த மரத்தூள் இருக்கும்; தினமும் காலையில் அதைக் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்புவார்கள். இவ்வளவுதான் இதற்குத் தேவையான ஏற்பாடு. முதல் ஒரு வாரம் நள்ளிரவில் கதவைப் பிறாண்டும், பிறகு பழகிவிடும்.

மரத்தூளைத் தினமும் மாற்றுவதில் இன்னொரு பயனும் உண்டு. வீட்டில் ஒரு பெண் கருவுற்றதும் பூனையைக் கொண்டுபோய் எங்கேயாவது விட்டுவிடும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. டாக்சோபிளாஸ்மா என்ற கிருமி பூனையின் மலத்தின் வழியாகப் பரவக்கூடும் என்பது உண்மைதான். ஆனால் வெளியேறிய அந்தக் கிருமி தொற்றும் நிலையை அடையக் குறைந்தது ஒரு நாளாவது ஆகும். தினமும் அந்த மரத்தூள் பேசினைச் சுத்தம் செய்து, அந்த வேலையை வீட்டில் வேறொருவர் செய்து, காய்கறியை நன்றாகக் கழுவி, இறைச்சியை வேகவைத்துச் சாப்பிட்டால் பூனையைத் துரத்த வேண்டிய அவசியமே இல்லை.

குளிரைப் பற்றியும் சொல்ல வேண்டும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை ஊட்டியிலும் தலைகுந்தாவிலும் புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகப் படியும் இரவுகளில், வெளியே கிடக்கும் பூனை சூடு தேடி, சற்று முன் நிறுத்திய ஜீப்பின் எஞ்சினுக்குள் ஏறிப் படுத்துக்கொள்ளும். காலையில் சாவியைத் திருப்பியதும் விசிறியிலோ பெல்ட்டிலோ சிக்கிவிடும். பிக்கப் ஓட்டுநர்களிடம் கேட்டால் கண்கூடாகப் பார்த்ததைச் சொல்வார்கள். வண்டியைக் கிளப்பும் முன் பானெட்டை இரண்டு தட்டுத் தட்டி, சில நொடி காத்திருங்கள். யாருக்கும் சொந்தமில்லாத பூனைகள் உங்கள் பகுதியில் இருந்தால், மீன் கடையில் தூக்கி எறியும் தெர்மோகோல் பெட்டியில் பூனை நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை போட்டு, காய்ந்த புல்லை நிரப்பி, மழை படாத இடத்தில் வைக்கலாம். துணி போட வேண்டாம். அது ஈரத்தை இழுத்துக்கொண்டு குளிரைக் கூட்டும். விறைத்துப்போன குட்டியைக் கண்டால் உடனே பால் புகட்டாதீர்கள். முதலில் உடம்பைச் சூடாக்கி, பிறகுதான் உணவு கொடுக்க வேண்டும்.

பகலிலும் இந்த மலைக்கே உரிய சில ஆபத்துகள் உள்ளன. நம் பசுமைக்குடில்களில் வளரும் லில்லியம் மலர், பூனைக்குக் கொடிய நஞ்சு. இதழ், இலை மட்டுமல்லாமல், உடம்பில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலும், பூச்சாடித் தண்ணீரைக் குடித்தாலும் சில நாட்களில் சிறுநீரகம் செயலிழந்துவிடும். கொய்மலர்த் தோட்டங்களில் வேலை செய்பவர்கள் கழிவுப் பூக்களைப் பூனை நடமாடும் இடத்தில் கொட்டக் கூடாது. எலி மருந்து தின்ற எலியைப் பிடித்துத் தின்னும் பூனைக்கும் நஞ்சு ஏறும். காட்டுப்பன்றிக்கு வைக்கும் சுருக்குக் கம்பியில் பூனையும் மாட்டும். அந்தக் கம்பியை வைப்பதே சட்டப்படி குற்றம். காய்ச்சல் என்று பாராசிட்டமால் கொடுத்தால் அரை மாத்திரையே பூனையைக் கொன்றுவிடக்கூடும். நாய்க்கு உண்ணி போகப் போடும் பெர்மெத்ரின் மருந்தும் அப்படியே. வெள்ளைக் காது கொண்ட பூனைகளுக்கு வெயிலால் காது நுனியில் புற்றுநோய் வருவதுண்டு. உயரம் கூடக்கூடப் புற ஊதாக் கதிர் வலுக்கும் என்பதால், குளிர்ந்த ஊராயிற்றே என்று அலட்சியமாக இருந்துவிட முடியாது. காது நுனியில் ஆறாத புண் கண்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

தடுப்பூசியைப் பற்றி எழுதும்போது எனக்கு வருத்தம் மிகுதியாகிறது. ஒரு குட்டி திடீரென்று வாந்தி எடுத்து, தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் தலையைத் தொங்கவிட்டபடி உட்கார்ந்திருந்து, இரண்டு மூன்று நாளில் இறந்துபோகும். யாரோ விஷம் வைத்துவிட்டார்கள் என்று அண்டை வீட்டாரோடு சண்டை நடக்கும். அடுத்த மாதமே அதே கூடையில் புதுக் குட்டி வரும், அதுவும் போய்விடும். பல வீடுகளில் இதற்குக் காரணம் பான்லூக்கோபீனியா என்ற வைரஸ். அது ஓராண்டு வரைகூட அந்தக் கூடையிலும் தரையிலும் உயிரோடு இருக்கும், சாதாரண பினாயிலுக்குச் சாகாது. பிளீச்சிங் கரைசலில் கழுவ வேண்டும். எட்டு, ஒன்பது வாரத்தில் முதல் ஊசியும், மூன்று நான்கு வாரம் கழித்து அடுத்த ஊசியும் போட்டால் இந்தச் சாவைத் தடுக்கலாம். இதே நோய் காட்டிலுள்ள சிறுத்தைப் பூனைக்கும் துரும்பன் பூனைக்கும் பரவக்கூடியது என்பதால், நம் வீட்டுப் பூனைக்குப் போடும் ஊசி காட்டுக்கும் பாதுகாப்பு. மூன்று மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசி கட்டாயம். 1907-இல் குன்னூரில் பாஸ்டர் நிறுவனம் தொடங்கப்பட்டதே வெறிநாய்க்கடிச் சாவைத் தடுக்கத்தான். அந்த ஊரைச் சுற்றி வாழும் நாம் பூனைக்கடியைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளலாமா? கடித்தாலோ பிறாண்டினாலோ, ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள்.

அடுத்து, கோடையில் மட்டும் வந்து தங்கும் பங்களாக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். ஏப்ரலிலும் மே மாதத்திலும் உங்கள் பிள்ளைகள் குட்டிகளுக்குச் சோறு வைத்துக் கொஞ்சுகிறார்கள். ஜூனில் வீட்டைப் பூட்டிவிட்டுக் கோவைக்கோ சென்னைக்கோ போய்விடுகிறீர்கள். மழை தொடங்கும் நேரத்தில் அந்தக் குட்டிகள் பூட்டிய கதவின் முன் கத்திக்கொண்டு நிற்கின்றன. வளர்த்த பிராணியைப் பட்டினியில் தவிக்கும்படி கைவிடுவது 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். சட்டம் இருக்கட்டும், தோட்டக்காரரிடம் பன்னிரண்டு மாதத் தீனிக்கும் பணம் கொடுத்துவிட்டுப் போவதும், ஊர் திரும்பும் முன் தாய்ப் பூனைக்குக் கருத்தடை செய்துவிடுவதும் உங்களால் முடியாத செலவு அல்ல.

கருத்தடைதான் இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை. நிலநடுக்கோட்டுக்கு அருகில் பகல் நேரம் ஆண்டு முழுவதும் பெரிதாக மாறாததால், இங்குள்ள பூனைகள் பெரும்பாலும் எல்லாப் பருவத்திலும் சினைப்படும். நான்கைந்து மாதக் குட்டியே பருவத்துக்கு வந்துவிடும். சினைக்காலம் ஒன்பது வாரம். குட்டிகள் பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே தாய் மறுபடியும் சினையாகும். ஒரு முறையாவது குட்டி போடட்டும் என்று காத்திருப்பதில் பூனைக்கு எந்த நன்மையும் இல்லை. கடுவனுக்கும் செய்ய வேண்டும். ஊர் சுற்றுவதும், சண்டையில் கடிபட்டுச் சீழ் பிடிப்பதும் அதனால் மிகவும் குறையும். ஊட்டியில் உள்ள டபிள்யூ.வி.எஸ். (உலகளாவிய கால்நடை மருத்துவச் சேவை அமைப்பு) பயிற்சி மையம் போன்ற அமைப்புகள் நாய்களுக்குக் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டு இந்த மாவட்டத்துக்குச் செய்திருக்கும் நன்மை பெரிது. அதே அக்கறை பூனைகளுக்கும் கிடைக்க, பேரூராட்சிகளும் நகராட்சிகளும் முன்வர வேண்டும்.

கூண்டு இல்லை என்பதற்காக யாரும் தள்ளிப்போட வேண்டாம். காய்கறி மண்டியில் கிடைக்கும் பிளாஸ்டிக் கிரேட் இரண்டை ஒன்றின் மேல் ஒன்று கவிழ்த்து, நான்கு பக்கமும் சணல் கயிற்றால் கட்டினால் பேருந்தில் கொண்டுபோகும் அளவுக்கு உறுதியான கூண்டு கிடைக்கும். மேலே ஒரு துண்டைப் போர்த்தினால் பூனை பயமின்றி அடங்கியிருக்கும். அறுவைக்கு முந்தைய இரவு எத்தனை மணிக்கு மேல் உணவு கொடுக்கக் கூடாது என்பதை மருத்துவரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். வீடு திரும்பிய பிறகு ஏறத்தாழப் பத்து நாட்கள் தையலை நக்காமலும், சுவர் ஏறிக் குதிக்காமலும், ஈரம் படாமலும் ஓர் அறையில் வைத்திருக்க வேண்டும். அந்தப் பத்து நாளும் அது கதவருகே உட்கார்ந்து கத்தத்தான் செய்யும். மனம் இளகிக் கதவைத் திறந்துவிடாதீர்கள்.