குதிரை விடைபெற்றதில் எனக்கு வருத்தம் இல்லை

ஐந்து விளையாட்டுகளை ஒரே ஆள் ஆடும் நவீன பென்டத்லானில் குதிரையேற்றத்துக்கு 2024 பாரிஸ் ஒலிம்பிக்தான் கடைசி. 2028 லாஸ் ஏஞ்சல்ஸில் அதன் இடத்தில் தடை தாண்டும் ஓட்டம் வருகிறது. நூறாண்டு மரபைக் குழிதோண்டிப் புதைத்துவிட்டார்கள் என்று ஐரோப்பாவில் இன்னும் பலர் குமுறுகிறார்கள். காரைக்குடிப் பக்கத்து அரசுப் பள்ளி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கும் நான் இந்த முடிவை மனமார வரவேற்கிறேன். காரணத்தைச் சொல்ல இந்த விளையாட்டின் பழைய கதைக்குள் கொஞ்சம் போக வேண்டும்.

வாள்வீச்சு, நீச்சல், குதிரையேற்றம், துப்பாக்கி சுடுதல், ஓட்டம் என்ற ஐந்தையும் ஒரே ஆள் செய்ய வேண்டும் என்பது, நவீன ஒலிம்பிக்கை உருவாக்கிய பியர் தெ குபர்த்தேனின் ஆசை. எதிரியின் எல்லைக்குள் சிக்கிக்கொண்ட குதிரைப்படை அதிகாரி ஒருவன் உயிரோடு திரும்ப என்னவெல்லாம் தெரிந்திருக்க வேண்டுமோ, அதுதான் போட்டி. 1912 ஸ்டாக்ஹோமில் முதன்முதலாக நடந்தது. மூன்று பதக்கங்களையும் ஸ்வீடனே அள்ளியது. தங்கம் யோஸ்டா லில்லியஹூக்குக்கு. பிற்காலத்தில் இரண்டாம் உலகப் போரில் பெயர்பெற்ற அமெரிக்கத் தளபதி ஜார்ஜ் பேட்டன் அப்போது இளம் அதிகாரி. அவருக்கு ஐந்தாம் இடம்.

அதே போட்டிக்கு ஹெலன் பிரீஸ் என்ற பதினைந்து வயது ஆங்கிலேயச் சிறுமியும் விண்ணப்பித்தாள். குதிரை ஏறுவதில் அந்த வயதிலேயே பெயர் வாங்கியவள். பெண் என்பதால் மறுத்துவிட்டார்கள். பெண்களுக்கான உலக சாம்பியன்ஷிப் 1981இல்தான் லண்டனில் தொடங்கியது. ஒலிம்பிக்கின் கதவு திறக்க 2000 சிட்னி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அங்கே தங்கம் வென்ற ஸ்டெஃபனி குக்கும் பிரிட்டன்காரர், மருத்துவம் படித்தவர். இடையில் ஓடிப்போனவை 88 ஆண்டுகள். மரபு மரபு என்று உருகுகிறவர்கள் இந்த 88 ஆண்டுகளையும் சேர்த்தே பேச வேண்டும்.

1912 முதல் 1956 வரை நடந்த ஒன்பது ஒலிம்பிக் போட்டிகளில் எட்டில் தனிநபர் தங்கம் ஸ்வீடனுக்கே போனது. 1936 பெர்லினில் மட்டும் ஜெர்மனியின் ஹாண்ட்ரிக் குறுக்கே புகுந்தார். ஸ்வீடன்காரர்கள் உழைக்காமல் வென்றார்கள் என்று நான் சொல்லவில்லை. 1948 லண்டனில் வில்லியம் குரூட் செய்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் புல்லரிக்கிறது. அந்தக் காலத்தில் ஒவ்வொரு பிரிவிலும் பெற்ற இடத்தையே புள்ளியாகக் கூட்டுவார்கள். குறைவாக எடுத்தவர் வெற்றியாளர். குரூட் குதிரையேற்றம், வாள்வீச்சு, நீச்சல் மூன்றிலும் முதலிடம், துப்பாக்கி சுடுதலில் ஐந்தாம் இடம், ஓட்டத்தில் எட்டாம் இடம். மொத்தமே 16 புள்ளி! ஆனால் 1912 ஒலிம்பிக் நடந்த ஸ்டாக்ஹோம் அரங்கத்தை வடிவமைத்த கட்டடக் கலைஞர் அவருடைய தந்தை. 1928இல் தங்கம் வென்ற ஸ்வென் தோஃபெல்ட்டின் மகன் பியோர்ன் 1954இல் உலக சாம்பியன் ஆனார். தந்தை பிற்காலத்தில் இந்த விளையாட்டின் சர்வதேசச் சங்கத்தின் தலைவராகவும் நெடுங்காலம் இருந்தார். வட்டம் எவ்வளவு சிறியது என்று பாருங்கள். திறமை இருந்தது, உண்மை. அந்தத் திறமைக்குக் குதிரை லாயமும் ராணுவச் சம்பளமும் துணை நின்றன என்பதும் உண்மை.

சர்வதேசச் சங்கம் 1948இல் லண்டனில் அமைந்தது. மறு ஆண்டே ஸ்டாக்ஹோமில் முதல் உலக சாம்பியன்ஷிப். வென்றவர் ஸ்வீடனின் தாகே பியூரெஃபெல்ட். ஒலிம்பிக்குக்காக நான்கு ஆண்டுகள் காத்திருந்தவர்களுக்கு இடையிலேயே ஒரு பெரிய மேடை கிடைத்தது அப்போதுதான். 1950, 1951 உலகப் பட்டங்களையும், 1952, 1956 ஒலிம்பிக் தங்கங்களையும் வென்ற லார்ஸ் ஹால் ராணுவத்துக்காரர் அல்ல, தச்சர். ராணுவத்துக்கு வெளியிலிருந்து வந்து ஒலிம்பிக் தங்கம் வென்ற முதல் ஆள் அவர்தான். பிறகு சோவியத் யூனியனும் ஹங்கேரியும் மேலே வந்தன. இகோர் நோவிகோவ் நான்கு முறை உலகப் பட்டம் வென்றார். ஹங்கேரியின் ஆண்ட்ராஸ் பால்சோ 1963, 1965, 1966, 1967, 1969 என்று ஐந்து முறை. அத்தனை பட்டங்கள் இருந்தும் தனிநபர் ஒலிம்பிக் தங்கம் மட்டும் அவர் கைக்கு எட்டாமலே இருந்தது. 1972 மியூனிக்கில், முப்பத்து நான்கு வயதில் அதையும் வாங்கினார். இந்த விளையாட்டின் வரலாற்றில் என் மனத்துக்கு மிக நெருக்கமானவர் அவர்தான்.

1976 மான்ட்ரியல் கதையைச் சொல்லாமல் நகர முடியாது. எப்பே என்ற வாளின் நுனியில் ஒரு சிறு பொத்தான் இருக்கும். அது எதிராளியின் உடலில் அழுந்தினால் மின்சுற்று இணைந்து விளக்கு எரியும், புள்ளி கிடைக்கும். சோவியத் அணியின் போரிஸ் ஒனிஷென்கோவோடு மோதிய பிரிட்டனின் ஜிம் ஃபாக்ஸ், வாள் தன்மேல் படாதபடி விலகிவிட்டார். ஆனாலும் விளக்கு எரிந்தது. ஃபாக்ஸ் முறையிட்டார். வாளை வாங்கிச் சோதித்தபோது, பிடிக்குள் யார் கண்ணிலும் படாதபடி ஒரு சுவிட்ச் பொருத்தியிருந்தது தெரியவந்தது. கையை லேசாக அழுத்தினால் போதும், விளக்கு எரியும். முந்தைய ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற வீரர், வெறுங்கையோடு ஊர் திரும்பினார். அந்த அணிப் போட்டியின் தங்கம் பிரிட்டனுக்குப் போனது. வாளின் பிடியில் கம்பியை ஒளிக்க முடியாதபடி விதிகளும் மாறின.

வாளில் செய்த களவைப் பிரித்துப் பார்த்துக் கண்டுபிடிக்க முடிந்தது. குலுக்கலில் வரும் குதிரையை என்ன செய்வது? பாரிஸ் வரை இந்த விளையாட்டில் பெரும்பாலும் சொந்தக் குதிரையில் ஏற முடியாது. போட்டி நடத்துகிறவர்கள் கொண்டுவரும் குதிரைகளில் ஒன்று சீட்டில் விழும். பழகிக்கொள்ள இருபது நிமிடம். அதற்குள் அந்தக் குதிரைக்கும் உங்களுக்கும் ஒத்துப்போக வேண்டும். 1952இல் லார்ஸ் ஹாலுக்கு விழுந்த குதிரை நொண்டியது. மாற்றாக வந்ததோ அருமையான குதிரை. அவருக்கு அதிர்ஷ்டம் கைகொடுத்தது.

2021இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜெர்மனியின் அன்னிகா ஷ்லாய்க்கு அது கைகொடுக்கவில்லை. வாள்வீச்சும் நீச்சலும் முடிந்தபோது முதலிடத்தில் நின்ற பெண். செயின்ட் பாய் என்ற குதிரை தாண்ட மறுத்தது. அவர் சேணத்தில் அமர்ந்தபடியே அழுததை உலகமே பார்த்தது. வேலிக்கு வெளியே நின்ற பயிற்சியாளர் குதிரையைக் கையால் குத்தினார். அவரைப் போட்டியிலிருந்து வெளியேற்றினார்கள். ஷ்லாய்க்குக் கிடைத்தது 31ஆம் இடம். ஆண்டுக்கணக்கான உழைப்பு சில நிமிடங்களில் போயிற்று. மிரண்டுபோயிருந்த அந்த வாயில்லா ஜீவனைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. அது யாரிடம் முறையிடும்?

அதே ஆண்டு நவம்பரில் குதிரையேற்றத்தைக் கைவிடும் முடிவு வந்தது. டோக்கியோவில் ஆண்கள் தங்கம் வென்ற ஜோ சூங் உட்படப் பல முன்னணி வீரர்கள் வெளிப்படையாக எதிர்த்தார்கள். அவர்களுடைய கோபம் நியாயமானது. சிறு வயது முதல் கற்ற ஒன்றைத் திடீரென்று பிடுங்கினால் யாருக்கும் வலிக்கும். ஆனால் மரபு போயிற்று என்ற வாதத்தை மட்டும் நான் ஏற்க மாட்டேன். நாள் கணக்கில் நடந்த போட்டியை 1996 அட்லாண்டாவில் ஒரே நாளில் அடக்கினார்கள். தோட்டாத் துப்பாக்கி காற்றுத் துப்பாக்கியாகி, பிறகு லேசர் துப்பாக்கி ஆயிற்று. ஓட்டத்தையும் சுடுதலையும் 2009இல் ஒன்றாகப் பிணைத்தார்கள். குபர்த்தேன் இன்று எழுந்து வந்தால் இதை அடையாளம் கண்டுகொள்வாரா என்பதே சந்தேகம். இத்தனை மாற்றங்களையும் தாங்கிய மரபு, குதிரை போனதால் மட்டும் செத்துவிடுமா?

குதிரைமேல் எனக்குப் பகை இல்லை. அய்யனாருக்குப் புரவி எடுக்கும் மண்ணில் பிறந்தவன் நான். வேளாரிடம் பிடிமண் கொடுத்து, சுட்ட குதிரைகளுக்கு வண்ணம் தீட்டி, தோளில் சுமந்து கோயிலுக்குக் கொண்டுபோகும் ஊர்க்காரனுக்குக் குதிரையின் அருமையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் என் பள்ளிப் பிள்ளைகள் ஏறிப் பழக உயிருள்ள குதிரை எங்கே இருக்கிறது? அதைப் பராமரிக்கும் செலவை யார் கொடுப்பார்கள்? இந்த விளையாட்டின் ஒலிம்பிக் பதக்கப் பட்டியலில் இந்தியாவின் பெயர் இல்லை. காரணங்களில் முதன்மையானது குதிரைதான் என்பது என் திடமான எண்ணம்.

2023 அக்டோபரில் மும்பையில் நடந்த ஒலிம்பிக் குழுக் கூட்டத்தில்தான் லாஸ் ஏஞ்சல்ஸில் நவீன பென்டத்லானுக்கு இடம் உறுதியானது. அதே கூட்டத்தில் கிரிக்கெட்டும் ஒலிம்பிக்குக்குள் வந்ததால் நம் ஊர்ப் பேச்சு முழுவதும் அதைப் பற்றியே இருந்தது. நம் நாட்டிலேயே எடுக்கப்பட்ட இன்னொரு முடிவு நம் பிள்ளைகளுக்கு ஒரு கதவைத் திறந்திருக்கிறது என்பதை யாரும் கவனிக்கவில்லை.

புதிய முறையில் என்ன வேண்டும்? தடை தாண்டும் ஓட்டத்தில் கம்பிகளில் தொங்கித் தாவ வேண்டும், சுவர் ஏற வேண்டும். மாமரத்தில் ஏறி இறங்கும் பிள்ளைக்கு அதற்கான தோள் பலம் பாதி இருக்கிறது. வாள்வீச்சில் சென்னையின் பவானி தேவி டோக்கியோ வரை போய்க் காட்டிவிட்டார். அவருடையது எப்பே அல்ல, சேபர் என்ற வேறு வகை வாள் என்றாலும், வாள் பிடிக்கக் கற்றுத் தரும் ஆட்கள் தமிழ்நாட்டில் இருக்கிறார்கள். கடைசியாக வரும் லேசர் ஓட்டத்தில் 600 மீட்டர் ஓடிவந்து, மூச்சு இரைக்க நின்று, பத்து மீட்டர் தொலைவில் உள்ள இலக்கை ஐந்து முறை சரியாகச் சுட்டுவிட்டு மறுபடி ஓட வேண்டும்.

இதை எங்கள் மைதானத்தில் லேசர் இல்லாமலே செய்து பார்த்தோம். ஏழாங்கல் அடுக்கை வைத்து, ஓடிவந்து பந்தால் அடிக்கச் சொன்னேன். நின்ற இடத்திலிருந்து குறி தப்பாமல் அடிக்கும் பையன்கள், மைதானத்தைச் சுற்றி வந்ததும் தாறுமாறாக எறிந்தார்கள். ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி மட்டும் ஓடி வந்து நின்று, பந்தை மார்போடு அணைத்து, இரண்டு மூச்சு நிதானமாக விட்டு, பிறகு எறிந்தாள். கல் சரிந்தது. அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. "மூச்சு மேலே ஏறும்போது எறிந்தால் கையும் ஏறுகிறது சார்" என்றாள். பயிற்சியாளர்கள் பாடமாக நடத்தும் விஷயத்தைத் தானாகவே கண்டுகொண்ட பிள்ளை.

ஆனால் அவளுக்கு நீந்தத் தெரியாது. இப்போது என் கவலை அதுதான். எங்கள் தலைமுறை ஊருணியிலும் கண்மாயிலும் கிணற்றிலும் முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டிக்கொண்டு நீந்தப் பழகியது. இன்று குடிநீர் ஊருணியில் இறங்கக் கூடாது, அது சரிதான். கண்மாயில் தண்ணீர் நிற்கும் மாதங்கள் குறைவு. கிணற்றுக்கு அனுப்பப் பெற்றோருக்குப் பயம். அந்தப் பயத்தையும் நான் குறை சொல்ல மாட்டேன். குதிரை போன பிறகு நம் பிள்ளைகளுக்கும் இந்த விளையாட்டுக்கும் நடுவே நிற்பது 200 மீட்டர் தண்ணீர்.

ஆப்பிரிக்காவுக்கு இந்த விளையாட்டில் முதல் ஒலிம்பிக் பதக்கத்தை டோக்கியோவில் பெற்றுத் தந்த எகிப்தின் அகமது எல்கெண்டி, பாரிஸில் 1555 புள்ளிகளோடு உலக சாதனை படைத்துத் தங்கம் வென்றார். பெண்கள் பிரிவில் வெண்கலம் தென்கொரியாவின் சியோங் சியுங்மினுக்கு. ஐரோப்பாவின் பிடி தளர்ந்துவிட்டது. இன்று ஆறாம் வகுப்பில் இருக்கும் நம் பிள்ளைக்கு 2032 பிரிஸ்பேன் ஒலிம்பிக்கின்போது பதினேழு, பதினெட்டு வயது இருக்கும்.

செட்டிநாட்டில் ஊருக்கு ஊர் ஊருணி வெட்டிவைத்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இந்தப் பதிவைப் படிப்பீர்கள் என்று நம்புகிறேன். கோயில் திருப்பணிக்கும் பள்ளிக் கட்டடத்துக்கும் தாராளமாகக் கொடுக்கும் உங்களிடம் ஒரு நீச்சல் குளம் கேட்கிறேன். 25 மீட்டர் நீளம் போதும். அரசுப் பள்ளிப் பிள்ளைகள் மாலையில் பஸ் ஏறி வந்து கட்டணம் இல்லாமல் நீந்தும்படி, பெண்பிள்ளைகளுக்குத் தனி உடைமாற்றும் அறையும் ஒரு பயிற்சியாளரும் இருக்கும்படி அமைய வேண்டும். இடம் தர முடிந்தவர்கள் இடத்தைப் பற்றி எழுதுங்கள். பொறியாளர்கள் மதிப்பீட்டைத் தாருங்கள். காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் வட்டார உடற்கல்வி ஆசிரியர்கள் தங்கள் பள்ளியில் எத்தனை பிள்ளைகளுக்கு நீந்தத் தெரியும் என்று கணக்கெடுத்து இங்கேயே பதிவிடுங்கள். அந்தக் கணக்கோடு மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுக்க நான் போகிறேன்.