ரெஸ்ட் எடுக்கச் சொல்ல ஊரே இருக்கு, திரும்பி வர வழி சொல்லத்தான் ஆள் இல்ல

ஜிம்ல தசை கிழிஞ்சிருச்சுன்னு வெளிய சொன்னா போதும், ஊரே டாக்டர் ஆயிடும். வீட்ல "இந்த வயசுல உனக்கு எதுக்கு வெயிட்டு, ரேஸ்கோர்ஸ்ல நாலு ரவுண்டு நடந்தா பத்தாதா"ம்பாங்க. ஜிம் பசங்க "மசில் கேட்ச்தான்ணா, லைட்டா ஸ்ட்ரெச் பண்ணிட்டு அடிங்க, விட்டுரும்"பாங்க. ஆஸ்பத்திரிக்குப் போனா அஞ்சு நாளைக்கு வலி மாத்திரை, தடவ ஒரு ஜெல், "ஒரு மாசம் கம்ப்ளீட் ரெஸ்ட், ஜிம் பக்கமே போகாதீங்க." சரிங்க டாக்டர், ஒரு மாசம் கழிச்சு? "அப்புறம் மெதுவா ஸ்டார்ட் பண்ணுங்க." மெதுவான்னா எவ்வளவு, எதுல இருந்து, எந்த அளவு வலி வரைக்கும் பரவால்லன்னு கேக்கறதுக்குள்ள அடுத்த டோக்கன் உள்ள வந்தாச்சு. என் கோவமெல்லாம் அங்கதான்.

எனக்குப் போனது இடது ஹாம்ஸ்ட்ரிங், தொடையோட பின்பக்கத் தசை. ரொமேனியன் டெட்லிஃப்ட், அதாவது முழங்காலை ரொம்ப மடக்காம இடுப்புல குனிஞ்சு வெயிட் பாரை இறக்கி நிமிர்றது, எப்பவும் போடுற வெயிட்டுதான், பார் முழங்காலைத் தாண்டி கீழ இறங்குறப்போ சுரீர்னு ஒண்ணு. "ஃபார்ம் தப்பா இருந்திருக்கும்"னு கமென்ட் போட வர்றவங்களுக்கு, வீடியோ இருக்கு, ஃபார்ம்ல ஒண்ணும் இல்ல, பாத்த பிசியோவும் அதையேதான் சொன்னாரு. சில நேரம் சும்மாவே போகும். ஆனா தூக்குறப்போ போகாம இறக்குறப்போ போனது தற்செயல் இல்ல. தசை நீண்டுக்கிட்டே பாரத்தையும் தாங்குற அந்த நேரத்துலதான் நார்கள் மேல இழுவிசை ஜாஸ்தி. பெஞ்ச் பிரஸ்ல நெஞ்சுத்தசை கிழியறவங்களுக்கும் பெரும்பாலும் பார் கீழ இறங்குறப்போதான், இல்லன்னா அடியில இருந்து திருப்புற அந்த நொடியிலதான் போகுது.

ரெண்டு மூணு நாள்ல முழங்காலுக்குப் பின்னால கருநீலமா ஒரு பெரிய திட்டு வந்துச்சு. வலி இருந்தது தொடை நடுவுல, நிறம் மாறினது ஒரு சாண் கீழ. அம்மா அதைப் பாத்துட்டு "கால் முழுக்க பரவுதுடா"ன்னு அழவே ஆரம்பிச்சுட்டாங்க. விஷயம் இதுதான், உள்ள கசிஞ்ச ரத்தம் தசைகளுக்கு நடுவுல வழி கண்டுபிடிச்சு கீழ இறங்கும், பூமி இழுக்குற பக்கம். அப்புறம் அது பச்சையாகி மஞ்சளாகி மறைஞ்சுரும். இதை முன்னாடியே யாராச்சும் ஒரு வரி சொல்லியிருந்தா எங்க வீட்ல ஒரு ராத்திரி தூக்கம் மிச்சமாயிருக்கும்.

அடுத்து நீவி விடுறவர். எங்க ஏரியாவுல கைராசிக்காரர், சுளுக்கு எடுத்தா எழுந்து நடக்கலாம்னு பேரு. நான் அவங்களைக் கேவலமா நினைக்கிற ஆள் கிடையாது, வேற வலிக்கு நானே போயிருக்கேன். ஆனா புதுசா கிழிஞ்ச தசையில முதல் மூணு நாளுக்குள்ள எண்ணெய் போட்டு கட்டைவிரலால அழுத்தி உருவுனா, நின்ன ரத்தக்கசிவு திரும்ப ஆரம்பிக்கும். முன்தொடையில பலமா அடிபட்டு ரத்தம் கட்டியிருக்கிறப்போ அழுத்தித் தேய்ச்சா சில பேருக்கு தசைக்குள்ளயே எலும்பு மாதிரி கெட்டியா வளர்ந்துடறதும் உண்டு, அதுக்கப்புறம் காலை மடக்கறதே மாசக்கணக்குல போராட்டம். அதனால முதல் சில நாளைக்கு அழுத்தி நீவறது, சூடு வைக்கிறது, சரக்கு மூணும் வேண்டாம். மூணாவது கஷ்டம்னு சொல்றவங்க உங்க பாடு.

ஐஸ் பத்தி ஒரு கதை இருக்கு. ரெஸ்ட், ஐஸ், கம்ப்ரெஷன் (இறுக்கிக் கட்டறது), எலிவேஷன் (உயர்த்தி வைக்கிறது), முதல் எழுத்துகளைச் சேர்த்து 'ரைஸ்'னு 1978ல பேர் வச்சவர் கேப் மிர்கின்ங்கிற அமெரிக்க டாக்டர். 2014ல அவரே, ஐஸும் முழு ஓய்வும் ஆறுறதைத் தாமதப்படுத்தலாம்னு எழுதிட்டாரு. வலி தாங்கலன்னா கொஞ்ச நேரம் வச்சுக்கலாம், அவ்வளவுதான். பேர் வச்ச மனுஷனே மாத்திக்கிட்டாரு, நம்ம ஊர் ஜிம் சுவத்துல மட்டும் அந்த நாலு எழுத்து போஸ்டர் இன்னும் பளபளன்னு தொங்குது.

ஏன் முழு ஓய்வு உதவாதுன்னா, உள்ள நடக்கறதைக் கொஞ்சம் பாக்கணும். முதல் சில நாள் உடம்பு கிழிஞ்ச குப்பையை அள்ளுது, வீக்கமும் வலியும் அந்த வேலையோட பாகம். அப்புறம் தசையில தூங்கிட்டு இருக்கிற சாட்டிலைட் செல்கள் முழிச்சு புது நார் கட்ட ஆரம்பிக்குது, கூடவே தழும்புத் திசுவும் வளருது. ரெண்டும் போட்டி போட்டு வளருற நேரம் இது. அந்த நேரத்துல தசைக்கு அளவா இழுவிசை கிடைச்சா புது நார்கள் இழுக்குற திசையில வரிசையா அமையும், ஒண்ணுமே கிடைக்கலன்னா தாறுமாறா அமையும், தழும்பும் ஜாஸ்தி நிக்கும், இருக்கிற நல்ல தசையும் மெலியும். அதுக்காக மறுநாளே பாரத்தைப் போட்டா ஒட்டாத இடம் திரும்பப் பிரியும். அதனாலதான் முதல் ரெண்டு மூணு நாள், பெரிய கிழிசல்னா இன்னும் கொஞ்சம், பத்திரமா வச்சுட்டு அப்புறம் அசைக்க ஆரம்பிக்கணும்னு ஃபின்லாந்து ஆராய்ச்சிக்காரங்க ரொம்ப வருஷமா சொல்லிட்டு இருக்காங்க.

மனுஷங்க கிட்டயே சோதிச்சும் பாத்தாச்சு. 2017ல கோபன்ஹேகன்காரங்க நியூ இங்கிலாண்ட் ஜர்னல் ஆஃப் மெடிசின்ல போட்டது. தொடையிலயோ கெண்டைக்கால்லயோ தசை கிழிஞ்ச 50 பேர், எல்லாரும் நம்மள மாதிரி அமெச்சூர் ஆளுங்க. பாதிப் பேர் ரெண்டாம் நாளே பயிற்சி ஆரம்பிச்சாங்க, பாதிப் பேர் ஒன்பதாம் நாள். வித்தியாசம் வெறும் ஒரு வாரம். ஆனா விளையாட்டுக்குத் திரும்பினது முதல் குரூப் சராசரியா 62.5 நாள்ல, ரெண்டாவது குரூப் 83 நாள்ல. ஒரு வாரம் சும்மா இருந்ததுக்கு மூணு வாரம் வட்டி. இப்ப சொல்லுங்க, "ஒரு மாசம் கம்ப்ளீட் ரெஸ்ட்"டுக்கு எவ்வளவு கட்டணும்?

எனக்கு வாய்ச்ச பிசியோ நல்ல மனுஷன். முதல் வேலை என்னன்னா தரையில மல்லாந்து படுத்து, முழங்காலை லேசா மடக்கி, குதிகாலைத் தரையில அழுத்திப் பிடிக்கணும், கால் நகரக்கூடாது. பாக்க ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்கும், வீட்ல "இதுக்கா காசு குடுத்த"ன்னு கேட்டாங்க, ஆனா அழுத்திப் பிடிக்கப் பிடிக்க தொடை பின்னால அந்த இடம் நடுங்கும் பாருங்க, அப்பத்தான் எவ்வளவு போயிருக்குன்னு புரியும். அப்புறம் ரெண்டு கால் பிரிட்ஜ் (மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்கறது), ஒத்தைக் கால் பிரிட்ஜ், டைல்ஸ் மேல காலுக்கடியில துண்டு போட்டு வழுக்கி நீட்டறது, அதுக்கப்புறம்தான் பார். அவர் குடுத்த விதி எளிமை: செய்யறப்போ வலி பத்துக்கு மூணு வரைக்கும் ஓகே, அடுத்த நாள் காலைல நேத்தைவிட ஜாஸ்தி இருக்கக்கூடாது. இருந்தா ஒரு படி இறங்கு, இல்லன்னா ஒரு படி ஏறு. என்னோட காலை டெஸ்ட்டு, கீழ கிடக்கிற செருப்பை முழங்கால் மடக்காம குனிஞ்சு எடுக்கறது. வலியே இல்லாத வரைக்கும் எதுவும் செய்யாதேன்னு சொன்னவங்க பேச்சைக் கேட்டிருந்தா இன்னும் செருப்பைக் காலாலதான் தள்ளிட்டு இருந்திருப்பேன்.

ஜிம்மை நிறுத்தவும் இல்ல. பெஞ்ச், புல்-அப், உக்காந்து செய்யற ரோயிங் எல்லாம் ஓடுச்சு. நல்ல காலுக்கு மட்டும் தனியா லெக் கர்ல் (மெஷின்ல பாரத்தோட முழங்காலை மடக்கறது) போட்டேன், "ஒரு கால் மட்டும் பெருசாயிடும் அங்கிள்"னு ஒரு காலேஜ் பையன் சிரிச்சான். தம்பி, ஒரு பக்கம் பயிற்சி குடுத்தா சும்மா இருக்கிற மறுபக்கத்துக்கும் கொஞ்சம் வலு ஏறும்ங்கிறதை 1894லயே யேல் பல்கலைக்கழகத்துல ஸ்கிரிப்ச்சர்னு ஒருத்தர் அளந்து பாத்துட்டாரு. நரம்பு மண்டலத்தோட வேலை அது. அடிபட்ட ஆளுக்கு இதைவிட மலிவான இன்ஷூரன்ஸ் இல்ல.

உண்மையான ஆபத்து வர்றது வலி போனதுக்கு அப்புறம். படியேற வலிக்கல, வண்டி ஓட்ட வலிக்கல, ஓடினாக்கூட வலிக்கல, உடனே பழைய வெயிட்டுக்குக் கை போகும். ஆனா தசை நீண்ட நிலையில தர வேண்டிய வலு கடைசியாத்தான் திரும்பும், கிழிஞ்சது அந்த நிலையிலதான்ங்கிறதை மறந்துடறோம். ஸ்வீடன்ல ஃபுட்பால் பிளேயர்களை வச்சு 2013ல பண்ண ஆய்வுல, ஹாம்ஸ்ட்ரிங்கை நீட்டிக்கிட்டே பாரம் குடுக்குற பயிற்சி செஞ்சவங்க சராசரியா 28 நாள்ல திரும்பினாங்க, வழக்கமான பயிற்சி செஞ்சவங்களுக்கு 51 நாள் ஆச்சு. ஹாம்ஸ்ட்ரிங் திரும்பக் கிழியறதுக்குப் பெரிய காரணங்கள்ல ஒண்ணு, அது ஏற்கனவே ஒரு தடவை கிழிஞ்சதுதான். அதனால வெறும் 20 கிலோ பார்ல, பக்கத்துல ஒரு பொடியன் நூத்தைத் தூக்கி எறியறப்போ, நாலு எண்ணி இறக்கி நிறுத்தி நிமிரணும். உடம்பு வலியைவிட அந்த அரை மணி நேரம் பெரிய சோதனைங்க. பழைய பிளேட்டைப் போடச் சொல்லி கை அரிக்கும்.

இதைச் சொன்னா ஒருத்தர் கண்டிப்பா வருவாரு, "சதீஷ் சிவலிங்கம் தொடையில அடியோட போய் தங்கம் வாங்கலையா, நீயெல்லாம்..."ன்னு. வாங்கினாரு, நம்ம வேலூர்க்கார வெயிட்லிஃப்டர், 2018 கோல்டு கோஸ்ட் காமன்வெல்த்ல. அதுக்கு முன்னாடி நேஷனல்ஸ்ல 194 கிலோ கிளீன் அண்ட் ஜெர்க் (தோள் வரைக்கும் ஏத்தி, அப்புறம் தலைக்கு மேல தூக்கறது) ட்ரை பண்றப்போ முன்தொடை போயிருந்துச்சு. ஆனா கணக்கைப் பாருங்க. 2014 கிளாஸ்கோல அவர் தூக்கினது மொத்தம் 328 கிலோ, 2018ல ஒரே மூச்சுல தலைக்கு மேல தூக்குற ஸ்னாட்ச்ல 144ம் கிளீன் அண்ட் ஜெர்க்ல 173ம் சேர்த்து 317. பதினோரு கிலோ கம்மி. ஜெயிச்சதும் கடைசி முயற்சியை எடுக்கவே இல்ல. முன்ன மாதிரி கடுமையா பயிற்சி எடுக்க முடியல, உடம்பு முழு ஃபிட் இல்லன்னு அவரே சொன்னாரு. காமன்வெல்த் தங்கம் தூக்குறவர் அடிபட்ட காலுக்கு மரியாதை குடுத்து வெயிட்டைக் கம்மி பண்றாரு, நம்ம ஏரியா ஜிம்ல மட்டும் "பெயின் இஸ் கெயின்"னு டீ-ஷர்ட்ல போட்டுட்டு அடுத்த வாரமே ஏத்தறாங்க. நாலு வருஷத்துக்கு ஒருக்கா வர்ற போட்டி, கூடவே டாக்டரும் பிசியோவும், அவர் ரிஸ்க் எடுத்ததுல அர்த்தம் இருக்கு. நமக்கு செவ்வாய்க்கிழமை லெக் டே, அவ்வளவுதான்.

எல்லாக் கிழிசலும் வீட்ல சரியாகறதும் இல்ல. டப்புன்னு சத்தம் கேட்டுச்சு, தசையில தொட்டா பள்ளம் தெரியுது, இல்ல ஒரு பக்கமா சுருண்டு உருண்டையா நிக்குது, காலை ஊனவே முடியலன்னா அன்னிக்கே எலும்பு டாக்டர்கிட்ட போங்க, ஸ்கேன் எடுக்கச் சொன்னா எடுங்க. டெட்லிஃப்ட்ல ஒரு கையைத் திருப்பிப் பிடிக்கிறவங்களுக்கு அந்தக் கையோட பைசெப்ஸ் முழங்கைப் பக்கமா அறுந்துச்சுன்னா பெரும்பாலும் ஆபரேஷன்தான், சில வாரம் தள்ளிப்போட்டா தசை சுருங்கி வேலை இன்னும் கஷ்டமாகும். பயங்கரமா ஒர்க்அவுட் பண்ண மறுநாள் உடம்பு வீங்கி, மூத்திரம் கோலா கலர்ல போச்சுன்னா கிட்னி பிரச்சனை ஆகலாம், அது எமர்ஜென்சி, யூடியூப் பாத்துட்டு உக்காந்திருக்காதீங்க.

ஜிம் நடத்துறவங்களுக்கு ஒண்ணு கேக்கணும். வருஷ ஃபீஸ் வாங்குறப்போ ட்ரெய்னர், டயட் சார்ட், ஸ்டீம் பாத்னு எல்லாம் சொல்றீங்க. அடிபட்டு ஒரு மாசம் மெம்பர்ஷிப்பை நிறுத்தி வைங்கன்னா ரூல்ஸ் இல்லங்கறீங்க. அட்லீஸ்ட் ஒரு பிசியோவை வாரம் ஒரு நாள் வரவச்சு உக்கார வைக்கலாம்ல? ஸ்டீம் பாத்துக்கு ஆகுற கரண்ட் பில்லைவிட கம்மியாத்தான் ஆகும்.

அப்புறம், இன்பாக்ஸ்ல வந்து எந்த எண்ணெய், எந்த கொலாஜன் பவுடர், எந்த ஸ்ப்ரேன்னு கேக்காதீங்க. சோறு, முட்டை, பருப்பு, தூக்கம், அந்தக் குதிகால் அழுத்தறது, அவ்வளவுதான் என்கிட்ட இருக்கு. வீடியோ வேணும்னா கமென்ட்ல சொல்லுங்க, ஞாயித்துக்கிழமை எடுத்துப் போடுறேன்.